நமது சங்கத்துக்கு ஒரு சொந்த இணையப் பாதை

(திருகோணமலையில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

  

காணியைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசுவதற்கு இம்மேடையில் வேறு பலர் உளர். அவற்றைப் பற்றி நாம் எழுதி வைத்திருக்கும் மனுக்களும், சத்தியக் கடதாசிகளும், உறுதிப் பிரதிகளும் எவ்வழியாகப் போய் வருகின்றன, அந்த வழி யார் கையில் இருக்கின்றது என்பதைப் பற்றியே நான் பேச எழுந்தேன். இது படித்த இளைஞரின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சத்தியக் கடதாசியில் கையொப்பமிட்ட கமக்காரனின் பெயர் தகாத கையில் அகப்பட்டால் வருகின்ற தொல்லை அவனுக்கே அன்றி, கணினிக்கு அன்று.

நடந்தவற்றை முதலில் நினைவுபடுத்துகின்றேன். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் திகனக் கலவரத்தை அடுத்து முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றை அரசாங்கம் ஒரு வாரமளவில் தடுத்து வைத்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களுக்குப் பின்னர் மீண்டும் தடை வந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் நடந்ததோ வேறு வகை. அன்று கலவரம் இல்லை. பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வரவிருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தடுத்தோம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கூறிற்று. அன்று பிற்பகலே தடை நீங்கியது. அப்போது அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ச அவர்களே இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும், தாம் வீ.பீ.என். வழியாகவே எழுதுவதாகவும் பகிரங்கமாகக் கூறினார். தடை விதித்த அரசாங்கத்தின் அமைச்சரே தடையைச் சுற்றிப் போகும் பாதையில் நின்று பேசிய விந்தையை வேறெந்த நாட்டில் காண்போம்!

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகின்றது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையையும் சேர்த்தது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, இணையத்தில் வரும் கூற்றுக்களைப் பற்றிக் கட்டளையிடவும் அவற்றை அடையும் வழியை அடைக்கவும் ஓர் ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. உரிமையும் தடையும் ஒரே நாட்டின் சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. நீதிமன்றம் சென்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் தடை விரைவில் முடிந்துவிடும். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும்.

இத்தடைகள் வந்தபோதெல்லாம் நமது மக்கள் என்ன செய்தார்கள்? கையில் அகப்பட்ட இலவச வீ.பீ.என். ஒன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டார்கள். இலவசமாக வண்டி விடுபவன் எதற்காக விடுகின்றான் என்று கேட்டவர் சிலரே. ஒனாவோ என்றொரு வீ.பீ.என். இருந்தது. உங்கள் தகவலைக் காப்போம் என்று விளம்பரம் செய்தது. அதனை 2013ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனம் வாங்கியது. அதைப் பாவித்தவர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பாவித்தார்கள் என்பதைத் தன் வியாபாரத்துக்குத் திரட்டியது. இதற்காக அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் இரண்டு கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. வீட்டுக் கதவைக் காக்க வைத்த காவற்காரனே வருவோர் போவோர் கணக்கை எழுதி விற்ற கதை இது.

ஆகவே சொந்தமாக ஒன்றை அமைத்தல் நலம் என்கின்றேன். அது என்ன என்பதைத் தபாற்காரன் மொழியில் சொல்லுகின்றேன். நீங்கள் ஒரு கடிதத்தை உறையிலிட்டு முகவரி எழுதுகிறீர்கள். இணையக் கம்பனி உறையைப் பிரிக்க இயலாவிட்டாலும், மேலே எழுதிய முகவரியை வாசிக்கின்றது. அந்த முகவரிக்குத் தடை என்றால் கடிதத்தை நிறுத்துகின்றது. வீ.பீ.என். என்பது அந்த உறையை மற்றோர் உறைக்குள் இட்டு, வெளியுறையில் நமது சொந்த நிலையத்தின் முகவரியை மட்டும் எழுதுவது. நமது நிலையம் வெளியுறையைப் பிரித்து, உள்ளுறையை உரிய இடத்துக்கு அனுப்பும். 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தந்தை செல்வநாயகம் அவர்கள் யாழ்ப்பாணத்தில் தமிழரசுத் தபால் சேவையைத் தொடக்கிவைத்ததை முதியவர்கள் நினைவு கூருவார்கள். அது சட்டத்தை அறிந்தே மீறிய சத்தியாக்கிரகம். சில நாட்களுக்குள் அவசரகாலச் சட்டமும் கைதுகளும் வந்தன. நாம் செய்ய எண்ணுவது சட்ட மறுப்பு அன்று. வீ.பீ.என். பாவிப்பதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இந்நாட்டில் இல்லை. ஆனால் கடிதத்தைச் சுமப்பவன் யார் என்ற கேள்வி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

நமக்கு இதில் இரண்டாவது பயன் ஒன்றுண்டு. என் மனதில் அதுவே பெரிது. சங்க அலுவலகத்துக் கணினியில் உறுதிப் பிரதிகள் இருக்கின்றன. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரில் இருக்கும் நமது செயலாளர் ஒரு பிரதியைப் பார்க்க வேண்டுமாயின், இப்போது யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து அனுப்புகின்றார். அந்தப் படம் எத்தனை தொலைபேசிகளில் தங்கிவிடுகின்றது! (உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தை வைத்துக்கொண்டிருக்கின்றோம், கடலடி இணையக் கம்பிகளோ கொழும்பு, கல்கிசை, மாத்தறைக் கரைகளில் ஏறுகின்றன. இங்கிருந்து மூதூருக்குப் போகும் கடிதம் கடல் கடந்து போய்த் திரும்பி வருவதும் உண்டு.) சொந்தப் பாதை இருந்தால் செயலாளர் மூதூரில் இருந்தபடியே அலுவலகக் கணினியைத் திறந்து பார்க்கலாம், பிரதி இடம் பெயராது.

அமைக்கும் முறையைச் சுருங்கக் கூறுகின்றேன். வீட்டு இணைப்புகளின் முகவரி அடிக்கடி மாறும். பல இணைப்புகளுக்கு வெளியிலிருந்து அடையக்கூடிய முகவரியே இராது. ஆகையால் வெளிநாட்டு நிலையமொன்றில் சிறியதொரு கணினியை வாடகைக்கு எடுக்க வேண்டும். மாதம் ஐந்து அமெரிக்க டொலர் அளவில் கிடைக்கும். அதில் லினக்ஸ் ஏற்றி, வயர்கார்ட் என்னும் மென்பொருளை இயக்க வேண்டும். ஜேசன் டொனன்ஃபெல்ட் என்பவர் ஆக்கிய இம்மென்பொருள் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது. கட்டளை வரிகளை எழுதப் பழகாதவர்களுக்காக, இணையப் பக்கம் வழியே நடத்தும் வசதியை டபிள்யூ.ஜி. ஈசி என்னும் இலவச மென்பொருள் தருகின்றது. டொக்கர் என்னும் பெட்டிக்குள் வைத்து அதனை ஓட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் உறுப்பினர் பெயரை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், கியூ.ஆர். குறி ஒன்று தோன்றும். தொலைபேசியைக் காட்டினால் வேலை முடிந்தது. தொலைபேசி தொலைந்தால் அந்தப் பெயரை அழித்துவிடலாம். அலுவலகக் கணினியும் இதே போல ஓர் உறுப்பினராகச் சேர்ந்து, இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை நிலையத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் பாதை மூடாது.

இவ்வளவு இலகுவா என்று மகிழ்வதற்கு முன் அந்த இணையப் பக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். உறுப்பினரின் இரகசியச் சாவி அவர் தொலைபேசியில் பிறப்பதில்லை. நிலையத்தில் பிறந்து அங்கேயும் தங்குகின்றது. ஆகவே அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடியவன் எல்லோருடைய சாவியையும் எடுக்கலாம், தனக்கென்று புதிய சாவியும் வெட்டலாம். எந்த உறுப்பினர் கடைசியாக எப்போது வந்தார், எவ்வளவு ஏற்றி இறக்கினார் என்பதும் அதில் தெரியும். வழக்கமாக வயர்கார்ட் 51820ஆம் போர்ட்டிலும் இந்தப் பக்கம் 51821ஆம் போர்ட்டிலும் இருக்கும். முன்னையதை உலகத்துக்குத் திறக்கத்தான் வேண்டும். பின்னையதை ஒருபோதும் திறந்து வைக்கலாகாது. பாதைக்குள் வந்தவருக்கு மாத்திரம் அது தெரிய வேண்டும். உலகத்துக்குத் திறந்த பக்கத்தில் கடவுச்சொல் மட்டும் காவல் என்றால், தோம்புப் புத்தகத்தைச் சந்தையில் விரித்து வைத்து மேலே ஒரு கல்லை வைத்ததற்கு ஒப்பாகும்.

இனி, சட்டத்தரணி என்ற முறையில் என்னைக் கலங்க வைக்கும் விஷயத்துக்கு வருகின்றேன். சொந்தப் பாதை மறைவிடம் அன்று. வியாபார வீ.பீ.என். ஒன்றில் பலர் ஒரே முகவரியால் வெளியேறுகின்றார்கள். நமது நிலையத்தின் முகவரியால் வெளியேறுபவர்கள் நாம் மாத்திரமே. அதன் வாடகைப் பற்றுச்சீட்டில் நம்மவர் ஒருவரின் பெயரும் வங்கி அட்டையும் இருக்கும். ஓர் உறுப்பினர் ஆத்திரத்தில் எழுதிய பொல்லாத வசனம் ஒன்று அந்த முகவரியால் போனால், கேள்வி சங்கத்திடம் வரும். வாடகை எடுக்கும் நாட்டின் சட்டமும் நம்மைத் தொடரும். சென்னை அருகில்தானே, அங்கேயே எடுப்போம் என்று சிலர் கூறினார்கள். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இந்திய அரசின் கணினி அவசரகாலக் குழு விடுத்த கட்டளைப்படி, இத்தகைய கணினிகளை வாடகைக்கு விடுவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, நோக்கம் முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் பெரிய வீ.பீ.என். கம்பனிகள் சில தமது கணினிகளை அந்நாட்டிலிருந்து அகற்றின. நாம் குற்றம் செய்யப் போவதில்லை. ஆயினும் நமது கட்சிக்காரரின் இரகசியம் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவால் காக்கப்படுவது, அதை வைக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவதற்காக அன்று.

எல்லாத் தடையையும் இது வெல்லும் என்று யாராவது கூறினால் நம்ப வேண்டாம். வயர்கார்ட்டின் உறை எப்படி இருக்கும் என்பதை அடையாளங் கண்டு தடுக்கும் கருவிகள் உண்டு. இணையத்தையே அடியோடு வெட்டினால் பாதையும் இல்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் காஷ்மீரில் அதுவே நடந்தது. காலவரையறையின்றி இணையத்தை நிறுத்தலாகாது என்று 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த மாதமே வீ.பீ.என். வழியாகச் சமூக ஊடகங்களைப் பாவித்தோர் மீது ஸ்ரீநகர்ப் பொலிசார் வழக்குப் பதிந்தனர். ஆகவே சைக்கிளில் ஆள் அனுப்பும் பழைய வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு முத்துநகர் விவசாயிகள் தம் காணிக்காகத் தெருவுக்கு வந்தபோது அவர்களை ஒன்று திரட்டியது கணினி அன்று.

சாவி யாரிடம் இருக்க வேண்டும்? கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடும் வழக்கம் நமக்குண்டு. அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் கனடாவுக்குப் போய்விடுவார், அல்லது அவரது வங்கி அட்டை காலாவதியாகும், நிலையம் ஒரு காலையில் மறைந்துவிடும். ஆகையால் பின்வரும் தீர்மானத்தைச் சபை முன் வைக்கின்றேன்:

சங்கத்தின் பணத்தில், சங்கத்தின் பெயரில் ஓராண்டுக்கு ஒரு நிலையம் வாடகைக்கு எடுக்கப்படும். முகாமைப் பக்கத்தின் கடவுச்சொல் இருவரிடம் இருக்கும். அவர்களுள் ஒருவர் கமக்காரராக இருத்தல் வேண்டும். அவருக்கு வேண்டிய பயிற்சியை மற்றவர் கொடுக்க வேண்டும். தொலைபேசி ஒன்றுக்குச் சாவி ஒன்று. இருவர் ஒரு சாவியைப் பாவித்தல் ஆகாது. சாவி பெற்றோரின் பட்டியல் ஒவ்வொரு மாதமும் நிர்வாகக் குழுவில் வாசிக்கப்பட்டு, சங்கத்தை விட்டு நீங்கியவர்களின் சாவி அன்றே அழிக்கப்படும். பட்டியல் கணினியில் அன்றிக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் மையால் எழுதப்படும்.

இதனை வழிமொழிய யாராவது எழுந்தால், மாற்றங்களையும் கேட்க ஆயத்தமாயிருக்கின்றேன்.