நம் அடுப்புக்கு முதல் பங்கு

(குண்டடம் ஒன்றிய விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காகவும், வந்தவர்கள் வீட்டில் படித்துக் காட்டுவதற்காகவும் அச்சிடப்படுகிறது.)

 

பால் விலை பற்றிப் பேசுவதாகத்தான் நோட்டீஸ் அடித்தோம். அதைப் பேசத்தான் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. நாளைக்கே இந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பாலை ஊற்றுவதில்லை, காய்கறியைச் சந்தைக்கு அனுப்புவதில்லை என்று நிறுத்தினால் நாம் எத்தனை நாள் தாங்குவோம்? பக்கத்து ஊர்க் கூட்டத்தில் இதைக் கேட்டோம். ஒருத்தர் "மூணு நாளுங்க" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "செவ்வாக்கிழமை குழுவுக்குப் பணம் கட்டோணுமே, அதையும் நிறுத்தி வெப்பாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போகும்போது சிரிப்பு வரவில்லை.

இதே கோவைச் சீமையில் நம் பெரியவர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1970 ஜூன் 19-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்தையே மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். பாலும் காய்கறியும் நகரத்துக்குப் போகாமல் நிறுத்தினார்கள். எங்கள் அப்பாரு அதில் வண்டி கட்டிக்கொண்டு போனவர். வீட்டில் குதிர் நிறைய கம்பும் சோளமும் கிடந்தது, எருமை கறந்தது, கொள்ளு இருந்தது. கடைக்குப் போய் வாங்க வேண்டியது உப்பும் மண்ணெண்ணெயும் துணிமணியும்தான் என்று அப்பத்தா சொல்லும். அவர் ஊரில் இல்லாத நாளில் அடுப்பு அணையவில்லை.

இவ்வளவு பழசுக்குப் போக வேண்டாம். 2020 நவம்பர் 26-ல் டெல்லி எல்லையில் போய் உட்கார்ந்த பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் ஒரு வருசத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. ஊரிலிருந்து டிராக்டரில் கோதுமை மாவும் பாலும் காய்கறியும் வந்துகொண்டே இருந்தது. ஊரில் ஆள் மாற்றி ஆள் பண்ணையம் பார்த்தார்கள். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களையும் ஒன்றிய அரசு வாபஸ் வாங்கியது. அவர்களுக்கு நெல்லுக்கும் கோதுமைக்கும் அரசு கொள்முதல் இருக்கிறது, நமக்கு அந்த அளவுக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சாப்பாட்டை விலைக்கு வாங்கித் தின்கிறவனாக இருந்திருந்தால் ஒரு மாசத்தில் கூடாரத்தைப் பிரித்திருப்பார்கள்.

நோட்டு எழுதிய கதை

எங்கள் சொந்தக் கதையைச் சொல்கிறோம், வேறு யாரையும் குறை சொன்னதாக ஆகக் கூடாது. எங்களுக்கு எட்டு ஏக்கர். மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம், ஐந்து ஏக்கர் மேட்டாங்காடு. 2016-ல் ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்தது உங்களுக்கு மறந்திருக்காது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். போர் ஆயிரம் அடிக்குப் போயும் புகைதான் வந்தது. இரண்டு கறவை மாட்டைக் கேட்ட விலைக்குக் கொடுத்தோம்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, கடையில் வாங்குகிற ஒவ்வொன்றையும் எழுத ஆரம்பித்தாங்க. ஒரு வருசம் விடாமல் எழுதினாங்க. அடுத்த பொங்கலுக்குக் கூட்டிப் பார்த்தோம். எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய், முட்டை, காய்கறி, கேஸ், மாட்டுக்குப் புண்ணாக்கு, விதை. பாதிக்கு மேல் நம்ம மண்ணில் விளைகிற சாமான்! துவரையைக் கிலோ 45 ரூபாய்க்கு விற்ற கையோடு, பருப்பாக உடைத்ததை 90 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோம். நிலக்கடலையை மூட்டையாகப் போட்டுவிட்டு, ரேஷனில் 25 ரூபாய் பாமாயில் வாங்கிப் பலகாரம் சுட்டிருக்கிறோம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த எண்ணெய், கடலை விளைகிற காட்டுக்காரன் வீட்டுக் கடாயில்! காலைப் பால் முழுக்கக் கேனில் போய்விடும், விருந்தாளி வந்தால் கடைக்கு ஓடிப் பாக்கெட் பால்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். ஒவ்வொன்றாக.

முதலில் எண்ணெய். ஐந்து பேர் குடும்பத்துக்கு மாசம் நான்கு, நாலரை லிட்டர் ஆகும். வருசத்துக்கு ஐம்பது லிட்டர் என்று வையுங்கள். மரச்செக்கில் பத்துக் கிலோ கடலைப்பருப்புக்கு நான்கு கிலோ எண்ணெய் தேறும். அப்படிப் பார்த்தால் நூற்றிருபது கிலோ பருப்பு, தொலியோடு நூற்றெண்பது கிலோ காய். மானாவாரியில் சுமாரான வருசத்தில்கூட முப்பது சென்ட் போதும். புண்ணாக்கு மாட்டுக்கு, கொடி ஆட்டுக்கு. முப்பது சென்ட் நிலத்தை வீட்டுக்கென்று ஒதுக்க இத்தனை வருசம் தோணாமல் போச்சே என்றுதான் இருந்தது.

பருப்புக்குத் தனி நிலமே வேண்டியதில்லை. மக்காச்சோளத்தைச் சுற்றி வரப்போரம் துவரை, சோளத்துக்கு உள்ளே தட்டைப்பயிறு, ஐப்பசியில் மேட்டாங்காட்டில் கொள்ளு. மிளகாய், கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுகிற தண்ணி போகிற வாய்க்காலில். வேலியோரம் முருங்கையும் ஆமணக்கும்.

தப்பும் பண்ணினோம். முதல் வருச வேகத்தில் பதினாலு வகைக் காய் ஒரே நாளில் நட்டு, எல்லாம் ஒரே வாரத்தில் காய்த்து, பாதி ஆட்டுக்குப் போனது. மீதியை மயில் பார்த்துக்கொண்டது. (மயில் பற்றிச் சங்கம் மனு மேல் மனு கொடுத்தாயிற்று. 1972 வன உயிரினச் சட்டத்தை நீட்டுகிறார்கள். தக்காளிக்கு எந்தச் சட்டமும் இல்லை.) சாண எரிவாயுக் கலன் போட்டோம், இரும்பு டிரம் துரு ஏறி ஒரு வருசம் சும்மா கிடந்தது. நான்கு மாட்டுச் சாணம், தினம் ஐம்பது கிலோ, அதே அளவு தண்ணி கரைத்து ஊற்றினால் ஐந்தாறு பேருக்குச் சமைக்கலாம். மாடு நான்குக்குக் கீழே போனால் அடுப்பு திணறும், அதையும் சொல்லிவிடுகிறோம். இன்னொரு தப்பு, எல்லாமே வீட்டுக்கு என்று போய், சந்தைக்கு அனுப்ப ஒன்றும் இல்லாமல் அந்த வருசம் நகைக்கு வட்டி கட்ட முடியவில்லை. ஆகவே இப்போது வீட்டுப் பங்கு மொத்தம் ஒரு ஏக்கருக்குள். மீதி சந்தைக்குத்தான்.

கொறங்காடு

மேட்டாங்காடு ஐந்து ஏக்கரையும் பிளாட் போடக் கேட்டார்கள், காத்தாடிக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அது எங்கள் அப்பாரு காலத்துக் கொறங்காடு. வெளியூர்க்காரர்களுக்கு இது தரிசாகத் தெரியும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக்காரனுக்குத்தான் தெரியும், மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றியே பெய்கிற மண்ணில் இதைவிடப் புத்திசாலித்தனமான பண்ணையம் கிடையாது என்று. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். மழை வந்தால் புல் தானாக எழும்பும். சித்திரையில் புல் காய்ந்தாலும் வெள்வேல் நெற்று உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும். வேலியைக் கொண்டு துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் உரம், தண்ணி, கரண்ட் எதுவும் வேண்டாம். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த இனம். நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும் என்று கேவலமாகப் பேசி, கடன் வாங்கிச் சீமை மாடு பிடித்தோம். வீட்டுக்கு வேண்டியது அந்த இரண்டு லிட்டர்தானே! இப்போது காங்கேயம் பசு இரண்டு வீட்டுக்கு, கலப்பின மாடு இரண்டு சொசைட்டிக்கு.

அந்தக் கொறங்காட்டில்தான் தெருநாய் புகுந்து ஒரே ராத்திரியில் ஏழு ஆட்டைக் கடித்துப் போட்டது. இங்கே இருக்கிறவர்களில் ஆடு இழக்காத வீடு எத்தனை, கை தூக்குங்கள் பார்ப்போம். (ஒரு சிலரே தூக்கினார்கள்.) செத்த ஆட்டோடு ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் 2025-ல் அரசு இழப்பீடு பற்றியே வாய் திறந்தது. சந்தை விலை கொடு என்பதுதான் நம் கோரிக்கை, அதில் மாற்றம் இல்லை.

திருப்பூர் கைவிட்டபோது

நம் ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் விடியக்காலை பனியன் கம்பெனி வேன் போகிறது. எங்கள் மகனும் மருமகளும் அதில் போனவர்கள்தான், அப்புறம் திருப்பூரிலேயே லைன் வீட்டில் குடியேறிவிட்டார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. வெங்காயம் கொடுக்காத காசை பனியன் கொடுத்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனி மூடியது. இரண்டாவது வாரம் மகன், மருமகள், பேரன், மருமகளின் அம்மா, தம்பி எல்லோரும் தோட்டத்துச் சாளைக்கு வந்துவிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் தக்காளி செடியிலேயே அழுகியது, அந்த நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் ஒன்பது பேர் இரண்டரை மாசம் கம்பங்களியும் கொள்ளுப் பருப்பும் மோரும் முட்டையும் சாப்பிட்டோம். அரிசி ரேஷனில் வந்தது. யாரிடமும் கை நீட்டவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் மகனுக்கு வேலை நாள் குறைந்தது. அப்போது சனிக்கிழமை தோறும் இங்கிருந்து ஒரு பை போனது. அதே ஆகஸ்டில் மில்காரர்களுக்காக ஒன்றிய அரசு பஞ்சு இறக்குமதி வரியை டிசம்பர் வரைக்கும் தள்ளுபடி செய்தது. பருத்தி போட்டவன் தலையில் துண்டு. நாட்டில் யாருக்கு நெருக்கடி வந்தாலும் இறங்குவது நம் விலைதான்.

பெண்கள் கேட்ட கேள்வி

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தன்னிறைவு என்று மேடையில் பேசுகிறோமே, அதன் பாரம் யார் தலையில் விழுந்தது? கடலை உரிக்க, துவரை உடைக்க, கம்பு இடிக்க, கோழி பார்க்க. இரண்டாவது வருசம் எங்கள் வீட்டம்மா கேட்டாங்க: "நீங்க சங்கத்துக்குப் போயிருவீங்க, கம்பை யாரு இடிக்கறது? உங்க அப்பத்தா செஞ்சாங்கன்னா, அவிய நாப்பது வயசுல கூனிப் போனதையும் சொல்லுங்க மேடையில." இன்றைக்குச் சொல்லிவிட்டோம்.

அதன் பிறகு நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு மாவு மிஷினும் பருப்பு உடைக்கிற மிஷினும் வாங்கினோம். கறவையும் சாணம் கரைப்பதும் ஆண்கள் வேலை என்று எங்கள் வீட்டில் முடிவாயிற்று. இதைச் செய்யாதவர்கள் நாங்கள் சொன்ன மற்றதையும் செய்ய வேண்டாம்.

விலையை விட்டுக்கொடுக்கவில்லை

இதைக் கேட்டுவிட்டு அதிகாரிகள் சந்தோஷப்படக் கூடும். "இயற்கையாப் பண்ணுங்க, செலவைக் குறைங்க, வீட்டுக்கு வேண்டியதை விளைவிச்சுக்குங்க" என்று வேளாண் முகாமில் அவர்களும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு விலை என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-லேயே சொன்னது, உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடுக்க வேண்டும் என்று. நிலத்தின் வாடகையும் கணக்கில் சேர்த்த முழுச் செலவுக்கு மேல் 50 சதவீதம் கொடு என்கிறோம் நாம். நாங்கள் கொள்ளுப் பருப்பு தின்கிறோம் என்பதற்காக அந்தக் கோரிக்கை குறையாது. அரிசி, துணி, மருந்து, பள்ளிக்கூடச் சம்பளம், கல்யாணம் இதெல்லாம் காசில்தான் நடக்கும்.

தண்ணியும் அப்படித்தான். பி.ஏ.பி.யில் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைக்கிறார்கள். கடைமடையில் இருக்கிற உப்பாறு அணைக்குத் திருமூர்த்தி அணையிலிருந்து உயிர்த்தண்ணீராவது விடு என்று ஒவ்வொரு வறட்சியிலும் தெருவில் நிற்கிறோம். அணையில் தண்ணி நின்றால்தான் சுற்றியுள்ள கிணறு ஊறும், கிணறு ஊறினால்தான் நாங்கள் சொன்ன ஒரு ஏக்கரும் பச்சையாக இருக்கும். ரேஷனில் பாமாயிலை நிறுத்தி, நம் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடு என்று கேட்கிறோமே, முதலில் நம் வீட்டுக் கடாயிலிருந்து அதை எடுத்துவிட்டுக் கேட்போம். குரல் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கும்.

இப்போது பால் விஷயம். ஊற்றாமல் நிறுத்துவதா, எப்போது, எத்தனை நாள் என்பதை இன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம் என்று நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு ஊர்க் கிளையும் வீடு வீடாகப் போய் மூன்றே கேள்வி கேட்டு எழுதி வரட்டும்: வருமானம் இல்லாமல் எத்தனை நாள் சாப்பாடு ஓடும், எந்தத் தேதியில் எங்கே தவணை, நிறுத்திய பாலைத் தயிராக நெய்யாக ஆக்க வீட்டில் ஆள் உண்டா. பெண்களிடம் கேட்டு எழுதுங்கள், ஆண்கள் சொல்கிற கணக்கு தப்பாக இருக்கும். தவணை நெருக்குகிற வீடுகளுக்கு என்ன செய்வது என்பதை அந்தக் கணக்கு வந்ததும் பேசுவோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற கொள்ளு, தட்டைப்பயிறு, நாட்டுத் துவரை, கம்பு விதையில் ஒரு படி கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் எடுத்துப் போகலாம், அறுவடையில் ஒன்றரைப் படியாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். கிளுவைக் குச்சி வேண்டியவர்கள் எங்கள் காட்டு வேலியில் வெட்டிக்கொள்ளலாம். கேட்டை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள், நாய் வருது.