காட்டில் கிடக்கும் பழைய மரவெட்டுக் கருவிகளை இனங்காணுதல்

கேரளத்தின் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலிருந்து தெற்கே தொலைவில் தெரியும் நெல்லியாம்பதி மலைகளுக்கு அப்பால் பறம்பிக்குளம் காடு விரிந்துள்ளது. அங்கு வெட்டப்பட்ட தேக்கையும் ஈட்டியையும் சாலக்குடிக்குக் கொண்டுசெல்வதற்காகக் கொச்சி சமஸ்தானம் அமைத்த காட்டு டிராம் பாதை, 1907-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுக்கு இயங்கி, 1960-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதற்கு அண்மையில் தமிழகத்தின் ஆனைமலைப் பகுதியில் உள்ள டாப்சிலிப், மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட வழக்கத்தால் அப்பெயரைப் பெற்றது. இத்தகைய பழைய வேலைத்தலங்களில் மண்ணில் புதைந்தும் புதரில் மறைந்தும் கிடைக்கும் இரும்புத் துண்டுகள் எந்தக் கருவியின் எச்சங்கள் என்பதை அறியச் சில உறுதியான அடையாளங்கள் உள்ளன.

முதலில் கவனிக்க வேண்டியது வெட்டுவாய் அமைந்துள்ள திசையாகும். பிடியின் நீளத்துக்கு இணையாக வெட்டுவாய் அமைந்தால் அது கோடாலி. பிடிக்குக் குறுக்காக அமைந்தால் அது வாய்ச்சி, அதாவது வெட்டிய மரத்தைச் செதுக்கிச் சதுரமாக்கும் கருவி. கோடாலியிலும் மரம் வீழ்த்துவதற்கானது மெல்லிய வாயுடனும், பிளப்பதற்கானது தடித்துக் கனமாகவும் இருக்கும். ஒரு முனை கூர்மையாகவும், மறுமுனை அடிபட்டுக் காளான்போல் விரிந்தும் உள்ள சிறு இரும்புக் கட்டி, அறுக்கும்போது ரம்பம் மரத்தில் இறுகாமல் தடுக்கவும் மரத்தைப் பிளக்கவும் அடித்திறக்கிய ஆப்பு ஆகும்.

ரம்பத்தை அதன் பற்களே காட்டிக்கொடுக்கும். இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பம் இரு திசையிலும் அறுக்க வேண்டியிருப்பதால், அதன் பற்கள் எப்பக்கமும் சாயாமல் நேராக நிற்கும். இரு முனைகளிலும் பிடி பொருத்தும் இடம் இருக்கும். அறுப்புக்குழியில் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுத்த ரம்பமோ கீழ்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும் என்பதால், பற்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அதன் தகடும் பெரும்பாலும் மேலே அகன்று கீழே குறுகிச் செல்லும். பலமுறை அராவிக் கூர்தீட்டப்பட்டதால் அகலம் குறைந்த தகடு, அக்கருவி நெடுங்காலம் உழைத்ததற்குச் சான்றாகும்.

முத்திரைச் சுத்தியல் தனிக் கவனத்துக்குரியது. வனத்துறையினர் வெட்டுவதற்குத் தேர்ந்த மரத்தின் அடிப்பகுதியிலும், பின்னர் வெட்டிய தடியிலும் அடையாளம் பதிக்கப் பயன்படுத்திய இச்சுத்தியலின் முகத்தில் எழுத்துகளோ எண்களோ புடைத்து நிற்கும். பதிவு நேராக விழவேண்டும் என்பதால் அவை இடவலம் மாறிய பிம்பமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அடிமரத்தில் பதிந்த குறி, மரம் வெட்டப்பட்ட பின்பும் நின்று, அது முறையாக வெட்டப்பட்டதா என்று சரிபார்க்க உதவியது.

கனத்த சங்கிலி கிடைத்தால், அது யானை தடியிழுக்கப் பயன்பட்டதா, டிராம் பெட்டிகளைப் பிணைத்ததா என்பதை முனையில் உள்ள கொக்கியின் வடிவமும் வளையங்கள் தேய்ந்த விதமும் உணர்த்தும். டிராம் பாதையின் செங்குத்தான சரிவுகளில், சுமையுடன் இறங்கும் பெட்டிகள் கம்பிவடத்தால் வெறும் பெட்டிகளை மேலே இழுத்தன. வேகத்தைப் பிரேக் பொருத்திய உருளை கட்டுப்படுத்தியது. ஆகவே சரிவின் உச்சியில் கிடக்கும் பெரிய உருளையோ கப்பியோ அங்கு நடந்த வேலையைத் தானே உரைக்கிறது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் உருக்கிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்திருப்பது வழக்கம் என்றாலும், அது தண்டவாளம் உருவான ஆண்டேயன்றிப் பாதை போடப்பட்ட ஆண்டன்று.

இவ்வடையாளங்கள் யாவும் பொருள் கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் முழுப்பொருள் தரும். குழிக்கருகில் கிடக்கும் ரம்பத் துண்டு அறுவைத் தொழிலின் சான்று. அதே துண்டு வீட்டு அலமாரிக்குச் சென்றுவிட்டால் வெறும் பழைய இரும்பு. எனவே அனுமதியுடன் காட்டுக்குள் செல்வோர் பொருளை எடுக்காமல், அருகில் அளவுகோல் வைத்துப் படம்பிடித்து, இடத்தைக் குறித்து, வனத்துறையிடம் தெரிவிப்பதே முறை. மலைக்காட்டில் உழைத்த காடர், மலசர் ஆகிய பழங்குடியினர் உள்ளிட்ட தொழிலாளர்களைப் பற்றி அரசு ஏடுகள் சொல்லும் செய்தி மிகக் குறைவு. அவர்கள் கைகளில் தேய்ந்த இக்கருவிகளை முறையாக இனங்கண்டு பதிவுசெய்வது, அவ்வுழைப்புக்கு வரலாற்றில் உரிய இடத்தை அளிக்கும் கடமையாகும்.