உமணர் வண்டியும் பாணர் வழியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆடி மாதம் என் மருமகன் கனடாவிலிருந்து மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தான். அக்காவின் மகன். கைக்குழந்தையாக அக்கராயனை விட்டுப் போனவன். எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, கைத்தொலைபேசியிலே படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு படத்தில் பேருந்து போன்ற வாகனம் ஒன்று மலையடிவாரத்தில் நிற்கிறது. அதன் பக்கத்திலே மேசை, கதிரைகள், அடுப்பு.

"இது என்ன தம்பி, பஸ்ஸோ?" என்று கேட்டேன்.

"பஸ் இல்லை மாமா, வீடு. ஓடுற வீடு. ரொறன்ரோவிலையிருந்து றொக்கி மலைக்கு இதிலைதான் போனனாங்கள்" என்றான்.

உள்ளே கட்டில் உண்டு, குசினி உண்டு, குளிக்கவும் இடம் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய தண்ணீருக்கு இன்னொன்று, மலசலகூடக் கழிவுக்கு மூன்றாவது. இரவிலே அதற்கென்று அமைத்த வளவுகளில் நிறுத்தி மின்சாரத்தையும் தண்ணீரையும் பொருத்திக்கொள்ளலாம். காலையில் கழிவுத் தாங்கியை வெறுமையாக்கிவிட்டுப் புறப்படலாம். ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு விமானத்தில் போனால் நான்கு மணித்தியாலம் அளவில் ஆகும். தரைவழியே ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர். நாட்கணக்கில் ஓட வேண்டும். எரிபொருட் செலவும் கொஞ்சமல்ல. ஆனாலும் விமானத்தில் போய் விடுதியில் தங்குவதைவிட இதுவே சிறந்தது என்பது அவன் கட்சி. நினைத்த இடத்தில் நிற்கலாம்; நம்முடைய சோற்றை நாமே சமைக்கலாம்; பிள்ளைகள் தங்கள் கட்டிலிலேயே படுக்கலாம் என்று அடுக்கினான்.

அவன் மனைவி சிரித்துக்கொண்டு குறுக்கிட்டாள். "உங்களுக்கு அது லீவு, எனக்கு எங்கை லீவு? குசினியும் எனக்குப் பின்னாலை வந்ததுதானே! ஹோட்டல் எண்டால் ஆரோ கட்டில் விரிப்பினம், ஆரோ கோப்பை கழுவுவினம்."

இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது. தமிழாசிரியனாகிய எனக்கோ, அந்தப் படத்தைப் பார்த்ததும் வகுப்பிலே நான் ஆண்டுதோறும் படிப்பிக்கும் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் வண்டிகள் வருகின்றன. உமணர் என்போர் உப்பு வாணிகர். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு நெடுந்தொலைவு உள்நாட்டுக்குப் போகிறவர்கள். அந்த வண்டிக்குக் கூரை உண்டு. வாயிலிலே கோழிகள் அடையும் கூடு இருக்கிறது. பெண் யானையின் முழந்தாள் போன்ற சிறிய உரல் ஒன்று வண்டியிலே தூங்குகிறது. காடி வைத்த பானையைக் கயிற்றாலே கட்டியிருக்கிறார்கள். கையிலே பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண்தான் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர் வண்டி வரிசையின் பக்கத்திலே காவலாக நடக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையிலோ, உமணரின் பிள்ளைகளோடு அவர்கள் வளர்த்த மந்தியும் கூடி விளையாடுகிறது. கோழி, உரல், பிள்ளை, குரங்கு என்று ஒரு முழு வீடே தெருவிலே போகிறது. கனடாவின் ஓடும் வீட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்த அக்கா இந்த வண்டி என்று மருமகனிடம் சொன்னேன். "அங்கையும் பொம்பிளைதான் வேலை செய்யிறாள் போலை" என்றாள் அவன் மனைவி.

புறநானூற்றின் 102 ஆம் பாட்டையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடியது. எருதோ இளையது, பாரமோ பெரியது. இனிப் போகும் வழியிலே பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும் என்று எண்ணிய உமணர், வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று ஒளவையார் அவனைப் பாராட்டுகிறார். வீட்டைச் சுமந்து போகிறவனின் பயம் முழுவதும் அந்த ஒரு மரத்துண்டிலே இருக்கிறது.

நேயர்களே, இனி அதே பெரும்பாணாற்றுப்படையில் வரும் மற்றப் பயணியைப் பாருங்கள். அவன் பாணன். கையிலே யாழ் உண்டு. வண்டி இல்லை, உரல் இல்லை, கோழிக் கூடும் இல்லை. இளந்திரையனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் இன்னொரு பாணன் அவனுக்கு வழி சொல்கிறான். எயினர் குடியிருப்புக்குப் போனால் இன்ன உணவு கிடைக்கும், ஆயர் வீட்டிலே இது கிடைக்கும், உழவர் ஊரிலே இது, வலைஞர் குடியிலே இது என்று ஒவ்வொரு நிலமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். பாணனின் வழியை அளப்பது காதமல்ல, சோறு போடும் வாசல்கள்.

வீட்டைக் கொண்டுபோகிறவனும், வீடுகளை நம்பிப் போகிறவனும் ஒரே பாட்டிலே, ஒரே வழியிலே வருகிறார்கள். இவர்களிலே யாருடைய பயணம் மேலானது என்று புலவர் தீர்ப்புச் சொல்லவில்லை.

எங்கள் முன்னோரும் இந்த இரண்டு வகையாகவும் பயணம் செய்தவர்கள்தாம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வன்னிக் கிராமங்களிலிருந்து கூடார வண்டி கட்டி, பானை சட்டி, அரிசி, வைக்கோல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன கதையை அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களோ பாணர்களைப் போலத்தான். ஒரு பொட்டலமும் ஒரு தடியும். மிகுதியை வழியிலுள்ள ஊர்கள் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் மடங்களைக் கட்டினார்கள். பருத்தித்துறையிலே தெருவுக்கு மேலாகவே கல்லாலே கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக அதைக் கட்டும் வழக்கம் இருந்தது. மாடு முதுகு உரசுவதற்குக்கூட ஆவுரோஞ்சிக் கல் நட்டார்கள்.

நானும் ஒருமுறை விமானத்திலே பறந்திருக்கிறேன். பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு கருத்தரங்குக்காகப் போனேன். பாக்கு நீரிணையைப் பார்க்கவேண்டும் என்று சன்னலோரம் இருந்தேன், முகில்தான் தெரிந்தது. சென்னையிலே துப்புரவான அறை, வெள்ளை விரிப்பு, கதவைத் திறக்க ஓர் அட்டை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று நாளிலும் "சாப்பிட்டியளோ?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. நான் காசு கொடுத்துவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவது எந்தப் பாட்டிலும் இல்லாத பயணம்.

2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாங்கள் அக்கராயனை விட்டு வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது முப்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. உழவியந்திரப் பெட்டியிலே வீட்டை ஏற்றினோம். வீட்டை என்று நான் சொல்வது அணிக்காக அல்ல. கூரைத் தகரத்தைக் கழற்றினோம், கதவு நிலையைப் பெயர்த்தோம், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தையும் கிணற்றுக் கப்பியையும் எடுத்தோம். எல்லாம் ஏற்றியபிறகு அம்மம்மா தன்னுடைய உரலைக் காட்டினா. நல்ல பாரமான மர உரல்.

"அம்மம்மா, இடமில்லை. என்ரை புத்தகப் பெட்டியே இன்னும் ஏறேல்லை" என்றேன்.

"உரல் இல்லாத வீடு என்ன வீடு, மோனை?" என்றா.

கோபத்திலே நான் ஏதோ கடுமையாகச் சொன்னேன். அதை இங்கே சொல்ல மாட்டேன். இறுதியில் உரலும் ஏறியது, புத்தகப் பெட்டியிலே பாதி இறங்கியது.

தருமபுரத்திலே, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் வளவிலே பாதியை எங்களுக்கு விட்டது. மாமரத்தின் கீழே தறப்பாள் கட்டினோம். அந்த வீட்டு அக்கா முதல் நாள் சொன்ன சொல் இன்னும் காதிலே இருக்கிறது. "கிணறு பொதுதான், கூச்சப்படாமல் அள்ளுங்கோ." வாடகை கொடுக்கக் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டா. அம்மம்மாவின் உரல் இரண்டு குடும்பத்துக்கும் பொது உரலாயிற்று. கார்த்திகை மாதம் பெருமழை வந்து தறப்பாளுக்குள்ளே வெள்ளம் நுழைந்தபோது, எங்களை வீட்டுக்குள்ளே எடுத்துக்கொண்டார்கள். பாணனுக்கு ஆற்றுப்படை காட்டிய வாசல்களிலே ஒன்றை நான் அங்கேதான் கண்டேன்.

2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி விழுந்தது. நாங்கள் மறுபடியும் வெளிக்கிட்டபோது, எங்களுக்கு இடம் தந்த அந்தக் குடும்பமும் எங்களோடேயே வெளிக்கிட்டது. நேற்றுவரை விருந்து தந்தவர்கள் இன்று எங்களைப் போலவே பயணிகள். இந்த முறை பெட்டியிலே தகரம் இல்லை, கதவு இல்லை. உரலைப் பார்த்து அம்மம்மா ஒன்றுமே பேசவில்லை. நானும் பேசவில்லை. அது மாமரத்தின் கீழே நின்றது. விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று ஒவ்வோர் இடத்திலும் வீடு குறைந்துகொண்டே வந்தது. உழவியந்திரம் போய்ச் சைக்கிளாயிற்று, சைக்கிள் போய்க் கைப்பையாயிற்று. சேம அச்சு கட்டிக்கொண்டு போகக்கூடிய வழி அல்ல அது. அந்தக் குடும்பத்தை இடையிலே தவறவிட்டோம். அம்மம்மா செட்டிகுளத்து முகாமிலே இறந்துபோனா.

மீளக் குடியேறி ஓரிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தருமபுரத்திலிருந்து வந்த ஒருவரிடம் அந்த அக்கா சொல்லி அனுப்பியிருந்தா: "உங்கடை உரல் இஞ்சை கிடக்கு. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

நான் போகவில்லை.

நேயர்களே, பரந்தன் முல்லைத்தீவு வீதியாலே நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கருத்தரங்கு, விடைத்தாள் திருத்தல், கலியாணவீடு, செத்தவீடு என்று ஏதோ ஒரு காரணம். பேருந்து தருமபுரத்தைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். அம்மம்மாவோடு அன்று சண்டை பிடித்தவன் நான். அந்த உரலுக்கு முன்னாலே போய் நிற்க எனக்கு முகம் இல்லை. விருந்தோம்பலைப் பற்றி மாணவர்களுக்குத் திருக்குறள் அதிகாரம் படிப்பிக்கிற ஒருவன், தன்னை ஏற்றுக்கொண்ட வீட்டுக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேலாக நன்றி சொல்லப் போகவில்லை.

இப்போது மருமகனிடம் திரும்பி வருகிறேன். அவன் எங்கள் வீட்டிலே தங்கவில்லை. கிளிநொச்சியிலே ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தான். "உங்களுக்கு ஏன் மாமா கரைச்சல்?" என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்கு நெஞ்சிலே தைத்தது. புது விரிப்பு வாங்கி, குளியலறைக்கு மாபிள் பதித்து, நாங்கள் ஒரு மாதமாக வீட்டை ஆயத்தப்படுத்தியிருந்தோம். அன்றிரவு நித்திரை வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவன் என் வாசலைத் தவிர்த்தது போலத்தானே நானும் தருமபுரத்து வாசலைத் தவிர்த்தேன்? அவன் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று நினைத்தான். நான் கடனைச் சந்திக்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டும் வெகு தூரமில்லை.

மறுநாள் அவன் வாகனத்திலேயே எல்லோருமாகத் தருமபுரத்துக்குப் போனோம். அந்த அக்காவுக்கு இப்போது தலை நன்றாக நரைத்துவிட்டது. படலையிலே என்னைக் கண்டதும், "வாத்தியார் தம்பியோ? உள்ளுக்கு வாங்கோ, சாப்பிட்டியளோ?" என்று கேட்டா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மாமரம் பாதி முறிந்து, பிறகு தளிர்த்து நிற்கிறது. உரல் குசினிக்குப் பக்கத்திலே இருந்தது. அடியிலே ஒரு பக்கம் கரையான் அரித்திருந்தது. உள்வாய் மட்டும் மினுமினுவென்று இருந்தது. அவ்வளவு காலமும் அவர்கள் அதிலேதான் மா இடித்திருக்கிறார்கள்.

"ஏத்துவமோ மாமா?" என்று மருமகன் கேட்டான். வாகனத்திலே இடம் இருந்தது.

நான் உரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன். அந்த அக்காவிடம், அதை நீங்களே வைத்திருங்கோ, நாங்கள் வந்து பார்க்கிறோம் என்றேன். "அப்ப வரத்தான் வேணும்" என்றா அவ. மத்தியானம் அங்கேயே சாப்பிட்டோம்.

ஓடும் வீட்டிலே போவது நல்லதா, பறந்துபோய் விடுதியிலே தங்குவது நல்லதா என்ற கேள்விக்கு, உருத்திரங்கண்ணனாரைப் போலவே நானும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. காலமும் காசும் வசதியும் அவரவர்க்கு வேறு. குசினியைச் சுமந்த பெண்ணுக்கு விடுதி பெரிய ஆறுதல். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எந்த வழியாலே போனாலும், போகிற வழியிலே உங்களை ஒருகாலத்தில் ஏற்றுக்கொண்ட வாசல் ஒன்று இருக்குமானால், அங்கே ஒரு நேரம் இறங்கிவிட்டுப் போங்கள். நான் பிந்திப் போனேன். அந்த அக்கா இருந்தா. அது என் நற்பேறு.

மருமகன் குடும்பம் கடைசி இரண்டு இரவும் எங்கள் வீட்டிலேதான் படுத்தது. அடுத்த முறை வரும்போது அறை எடுப்பானோ தெரியாது. அறையை நாங்கள் ஆயத்தமாகத்தான் வைத்திருக்கிறோம்.