வீட்டுப் பூனையும் குலப்பட்டியலும்



மனிதனோடு ஒரே கூரையின்கீழ் வாழும் பிராணிகளுள் பூனைக்குத் தனியான ஓர் இடம் உண்டு. நாயை மனிதன் பழக்கினான், மாட்டைக் கட்டினான், குதிரைக்குக் கடிவாளம் இட்டான். பூனையை அவ்வாறு எவரும் பிடித்து வந்ததாகத் தெரியவில்லை. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கு ஆசியாவில் மக்கள் தானியத்தைச் சேமித்து வைக்கத் தொடங்கினர். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. வந்த பூனை, 'இவ்விடம் நன்று' என்று தானே தங்கிவிட்டது.

தமிழருக்கும் இப்பிராணி புதியதன்று. பூனை, பூசை, வெருகு என்று பல பெயர்கள் பழைய நூல்களிலே வழங்குகின்றன. விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமையைக் குட்டி என்றும் பறழ் என்றும் கூறலாம் என விதித்திருக்கிறது. இராமகாதையைப் பாட முற்பட்ட கம்பர் தம் அவையடக்கத்திலே, பாற்கடலைக் கண்டு அது முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூசைக்குத் தம்மை ஒப்பிட்டார். கவிச்சக்கரவர்த்தி தமக்கு உவமையாகத் தேர்ந்த பிராணி நம் அடுப்பங்கரையிலே உறங்குவது என்றால், அதைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்பதில் தவறொன்றும் இல்லை அன்றோ?

இக்காலத்திலே கண்டி மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், கட்டுக்கலை, பேராதனை, அம்பிட்டிய, குண்டசாலை ஆகிய இடங்களிலும், உயர்குலப் பூனை வளர்க்கும் ஆசை பலரைப் பற்றியிருக்கிறது. நீண்ட பட்டு மயிரும் தட்டையான முகமும் உடைய பாரசீகப் பூனை, நீலக்கண்ணும் கரிய முகமும் உடைய சீயம் தேசத்துப் பூனை என இவை நல்ல விலைக்கு வாங்கப்படுகின்றன. விலையோடு கூட ஒரு காகிதமும் கைமாறுவதுண்டு. தாய் யார், தந்தை யார், பாட்டன் யார் என்று எழுதிய குலப்பட்டியல் அது.

அத்தகைய ஓர் இல்லத்தை நேயர்கள் மனக்கண்ணிலே காணலாம். கட்டுக்கலையில் மேட்டு ஒழுங்கை ஒன்றிலே அமைந்த வீடு. கணவன், மனைவி, பத்து வயதுச் சிறுவன், மனைவியின் தாயார் ஆகிய நால்வர். ஐந்தாவதாக வெண்ணிறப் பாரசீகப் பூனை ஒன்று. பட்டியல் உள்ள கடுவனோடு அதனைச் சேர்த்து வைத்து, ஒன்பது வாரங்கள் நாட்காட்டியிலே நாளெண்ணிக் காத்திருக்கிறார்கள். குட்டி போடுவதற்கென்று வரவேற்பறையிலே பஞ்சு மெத்தையிட்ட அழகிய கூடை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பூனையோ அக்கூடையை மோந்து பார்த்துவிட்டு, பாட்டியாரின் பழைய அலுமாரிக்குள்ளே, துவைத்து மடித்த சேலைகளின்மேல் நான்கு குட்டிகளை ஈன்றுவிடுகிறது. இருளும் ஒடுக்கமும் அமைதியும் உள்ள இடமே தாய்ப்பூனை விரும்பும் இடம். மனிதர் அழகைத் தேடுகின்றனர். அது பாதுகாப்பைத் தேடுகிறது.

பிறந்த பூனைக்குட்டி கண் காணாது, காது கேளாது. அதன் நிறை சுமார் நூறு கிராம். தன் உடற்சூட்டைத் தானே பேணிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. தாய் நக்கிவிட்டாலன்றிச் சிறுநீர் கழிக்கவும் அறியாது. ஆயினும் மணத்தைக் கொண்டே தாயின் முலைக்காம்பைத் தேடிச் சேர்ந்துவிடுகிறது. ஓரிரு நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைத் தெரிந்துகொண்டு, பெரும்பாலும் அதிலேயே பால் குடிக்கும். முதல்நாள் சுரக்கும் சீம்பாலிலே நோயெதிர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கண் திறக்கும். திறந்த கண் எக்குலத்துக் குட்டிக்கும் முதலில் நீலமாகவே இருக்கும்.

அவ்வில்லத்துச் சிறுவன் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து, நாள்தோறும் குட்டிகளை நிறுத்துக் கொப்பியிலே குறித்துக்கொள்கிறான். இது விளையாட்டு அன்று, நல்ல வழக்கம். நலமுள்ள குட்டி நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறவேண்டும். மூன்று குட்டிகள் ஏறின, நான்காவது ஏறவில்லை. அது கடைசியாகப் பிறந்தது, சிறியது. மூன்றாம் நாள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றார்கள். வைத்தியர் காட்டிய முறைப்படி வெதுவெதுப்பான துணியிலே வைத்து, குட்டிகளுக்கென்று செய்த பால்மாவைக் கரைத்து, இரண்டு மணிக்கொருமுறை துளித்துளியாக ஊட்டினார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அது இறந்துவிட்டது.

சிறுவன் அழுதான். அழுதுகொண்டே, "அம்மம்மா, இதற்குப் பட்டியல் இருந்ததே!" என்றான். பாட்டியார் அவன் தலையைத் தடவி, "பட்டியல் பால் கொடுக்குமோ, ராசா?" என்று மட்டும் கூறினார்.

நேயர்களே, இதற்கிடையிலே அவ்வீட்டின் பின்புறத்து விறகுக் கொட்டிலிலே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. எவருக்கும் சொந்தமில்லாத ஊர்ப்பூனை ஒன்று அங்கே மூன்று குட்டிகளைப் போட்டிருந்தது. மணல் நிறம், மெலிந்த உடல், பெரிய காதுகள், நெற்றியிலே நாகம் படமெடுத்தாற் போன்ற கோடுகள். அதற்குப் பஞ்சு மெத்தை இல்லை, தராசு இல்லை. மழைச்சாரல் உள்ளே அடித்தபோது, அது ஒவ்வொரு குட்டியாகக் கழுத்திலே கவ்வி, நனையாத மூலைக்குக் கொண்டு சென்றது. அலுமாரிக்குள் இருந்த வெண்பூனை செய்ததையே கொட்டிலிலிருந்த ஊர்ப்பூனையும் செய்தது; ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை.

குட்டிகள் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்காரருக்குக் கவலை பிறந்தது. பாரசீகக் குட்டிகளுக்கு இப்போதே கேள்வி இருக்கிறது. கொட்டில் குட்டிகளை யார் கேட்பர்? "ஒரு சாக்கிலே போட்டு, இரவிலே சந்தைப் பக்கம் விட்டுவிடலாம், மாமி," என்றார். நம் நாட்டிலே எத்தனையோ வீடுகளில் எடுக்கப்படும் முடிவு இதுவேயாம். கோயில் வாசலிலும், சந்தை மூலையிலும், பிரதான வீதிகளின் ஓரத்திலும் கண் திறந்தும் திறவாததுமான குட்டிகள் விடப்படுவதை நேயர்கள் கண்டிருப்பர். 'யாரேனும் எடுத்து வளர்ப்பார்கள்' என்பது விடுகிறவரின் சமாதானம். அவற்றுட் பெரும்பாலானவை பசியாலும், நாயாலும், வாகனத்தாலும் மடிந்துபோகின்றன என்பதே உண்மை.

பாட்டியார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, காசு கொடுத்து வாங்கினதற்கு ஒரு நீதி, கூரை வழியால் வந்ததற்கு வேறொரு நீதியோ?" என்று கேட்டார்.

அவ்வினா ஆராயத்தக்கது. குலப்பட்டியல் என்பது யாது? அது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று. 1871-ம் ஆண்டிலே இலண்டன் பளிங்கு மாளிகையில் ஹரிசன் வெயர் என்பவர் ஏற்பாடு செய்த காட்சியே பூனைகளுக்கென நடந்த பெருங்காட்சிகளுக்கு வழிகோலியது. அதன் பின்னரே சங்கங்கள் தோன்றின, பதிவேடுகள் தோன்றின, இன்ன நிறமும் இன்ன முகமும் இன்ன குலத்துக்கு உரியவை என்ற விதிகள் எழுதப்பட்டன. ஆகவே பூனையின் உயர்குலம் என்பது இயற்கை வகுத்தது அன்று. மனிதர் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக எழுதி வருகின்ற கணக்கு.

அக்கணக்கிலே நம் இலங்கைப் பூனையும் ஏறியிருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1984-ம் ஆண்டிலே இத்தாலி தேசத்து மிருக வைத்தியரான பாவுலோ பெல்லெகாட்டா என்பவர் இத்தீவுக்கு வந்திருந்தார். வீதியிலும் கூரையிலும் திரியும் நம் ஊர்ப்பூனைகள் சிலவற்றின் அழகு அவரைக் கவர்ந்தது. ஒவ்வொரு மயிரிலும் நிறம் மாறி மாறி வரும் மணல் நிறத் தோலும், நெற்றியிலே நாகபடம் போன்ற குறியும் அவர் கண்ட அடையாளங்கள். சில பூனைகளை அவர் தம்முடன் இத்தாலிக்குக் கொண்டு சென்றார். அங்கே அவற்றின் வழித்தோன்றல்கள் முறையாகப் பதியப்பட்டு, 'சிலோன்' என்ற பெயரோடு ஒரு தனிக்குலமாயின. நம் மதிலின்மேல் நடக்கும்போது கல்லெறிபடும் பூனையின் உறவினம் ஐரோப்பாவிலே காட்சி மேடை ஏறியது. பூனை மாறவில்லை; பார்த்த கண் மாறியது, அவ்வளவே.

உயர்குலத்துக்கென்று சில துன்பங்களும் உண்டு. முகம் தட்டையாக வேண்டுமென்று தெரிந்தெடுத்து இனம்பெருக்கியதால், பாரசீகப் பூனைகள் பல மூச்சுவிடத் திணறுகின்றன. அவற்றின் கண்ணீர் வழியத் தவறி முகத்தில் வடிகிறது. குட்டியின் தலை பெரிதாதலின் ஈனும்போதும் இடர் நேர்வதுண்டு. சிறுநீரகத்திலே நீர்க்கட்டி உண்டாகும் பரம்பரை நோயும் அவ்வினத்தில் மிகுதி. சீயப் பூனையின் கதையோ வியப்பானது. அது பிறக்கும்போது வெண்ணிறமாகவே பிறக்கிறது. பின்னர் உடலிலே குளிர்ந்த பாகங்களாகிய காது, மூக்கு, பாதம், வால் ஆகியவற்றில் மட்டும் கருமை படர்கிறது. ஆதலால் மன்னாரின் வெயிலில் வளர்வதைக் காட்டிலும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயர்ந்த கண்டியின் குளிரில் வளர்வது சற்றுக் கருமை கூடியதாக இருத்தல் இயல்பு. ஊர்ப்பூனைக்கு இத்தகைய இடர்கள் குறைவு. தோட்டத்து லயன்களிலும் வயலோர வீடுகளிலும் எலியை அடக்கி, அது தன் சோற்றைத் தானே உழைத்து உண்கிறது.

இனி, குட்டிகள் உள்ள வீட்டார் மனங்கொள்ள வேண்டியவை சில. பசுப்பால் பூனைக்குட்டிக்கு ஏற்றதன்று, வயிற்றோட்டம் உண்டாகும். நான்காம் வாரமளவில் மசித்த மீனோ இறைச்சியோ சிறிதளவு கொடுக்கத் தொடங்கலாம். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டியே பிற்காலத்தில் அச்சமின்றி மனிதரோடு பழகும். பன்னிரண்டு வாரம் நிறையுமுன் தாயினின்றும் பிரித்தல் நன்றன்று. வாங்குகிறவர் அவசரப்படுத்தினும் விற்கிறவர் இணங்கலாகாது. குடற்காய்ச்சல் முதலிய நோய்களுக்கும், விசர்நோய்க்கும் உரிய தடுப்பூசிகளை வைத்தியர் குறித்த வயதில் இடுதல் கட்டாயம். விசர் நாயால் மட்டும் வருவதென்று எண்ணுவோர் உளர். அது பூனையாலும் வரும். பூனை கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரமிட்டு ஓடுநீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இவை அனைத்தினும் முக்கியமானது மற்றொன்று. பெட்டைப் பூனை நான்கு மாத வயதிலேயே கருத்தரிக்கக்கூடும். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மீண்டும் சினைப்படவும் கூடும். ஆதலால் சாக்குப் பையைத் தேடும் நிலை வராதிருக்க ஒரே வழி, உரிய காலத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தலாம். சாக்கிலே கட்டுவது பாவம் என்று உணர்கிற உள்ளம், இச்சிகிச்சையைப் பாவமென்று தயங்குதல் பொருந்தாது.

கண்டியிலே வாழ்வோருக்குப் பிறிதொரு கடமையும் உண்டு. நகரின் தலைமேலேயே உடவத்தகலைக் காடு இருக்கிறது. அப்பால் ஹந்தானை மலை இருக்கிறது. இத்தீவிலே சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை என நான்கு வகைக் காட்டுப் பூனையினங்கள் வாழ்கின்றன. அவற்றுள் துருப்புள்ளிப் பூனை உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்று. நன்கு வளர்ந்ததும் ஒன்றரைக் கிலோ அளவே நிறுக்கும். வீட்டுப் பூனையைக் கட்டுப்பாடின்றிக் காட்டோரம் திரியவிட்டால், அது பறவைகளைக் கொல்லும். காட்டினத்துக்கு நோயைப் பரப்பும். அதனோடு கலந்து அதன் இனத்தூய்மையையும் கெடுக்கும். இரவிலே பூனையை வீட்டுக்குள் வைத்திருத்தல் இருசாராருக்கும் நலம்.

அக்கட்டுக்கலை வீட்டிலே சாக்கு அவிழ்க்கப்பட்டது. கொட்டில் குட்டிகளுள் இரண்டு, எலித்தொல்லையால் வருந்திய ஹந்தானைத் தோட்டத்துக் குடும்பங்கள் இரண்டினுக்குப் போயின. ஒன்று வீட்டிலேயே தங்கியது. தாய்க்குச் சிகிச்சை செய்விக்கப்பட்டது, வெண்பூனைக்கும் அவ்வாறே. மூன்று பாரசீகக் குட்டிகளும் பன்னிரண்டு வாரம் நிறைந்த பின்னரே வீடு மாறின. சிறுவனின் கொப்பியிலே ஒரு புதிய பக்கம் திறக்கப்பட்டது. அதிலே நெற்றியில் நாகக்குறி உள்ள குட்டியின் பெயரை எழுதி, தாய் என்ற இடத்திலே 'கொட்டில் பூனை' என்றும், தந்தை என்ற இடத்திலே 'தெரியாது' என்றும், வீடு என்ற இடத்திலே 'எங்கள் வீடு' என்றும் அவன் எழுதினான்.

வைணவப் பெரியோர் இறைவனின் அருளுக்குப் பூனைக்குட்டியை எடுத்துக்காட்டினர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாயே அதனைக் கவ்விச் செல்லும். ஒன்றும் செய்ய இயலாத அச்சிற்றுயிர் மனிதன் கையிலே விழும்போது, அதனைக் கவ்விக் காக்கும் தாயாவதா, கட்டியெறியும் சாக்காவதா என்பது அவனவன் தெரிவு. பூனையின் குலம் எதுவாயினும் ஆகுக. அதை வளர்க்கும் வீட்டின் பண்பை எழுதுவது அத்தெரிவேயாம்.