ஒரு வீட்டுக்கு இரண்டு விலை



வீடு விற்பதும் வாங்குவதும் அவரவர் சொந்தப் பாடு. அதைப்பற்றிக் கட்சி மேடையிலே பேச என்ன இருக்கிறது என்று உங்களிலே சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது, தோழர்களே, நிரம்ப இருக்கிறது! சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு வீட்டுக்கு ஒரு விலை என்பது இல்லை. தரகர் முன்னிலையிலே கூடத்தில் உட்கார்ந்து பேசி முடிக்கிற விலை ஒன்று. சார்பதிவாளர் அலுவலகத்திலே கிரயப் பத்திரத்தில் ஏறுகிற விலை மற்றொன்று. முன்னது பெரிது, பின்னது சிறிது. இரண்டுக்கும் இடையிலே கிடக்கிற தொகை, துணிப்பையிலே வந்து, பையோடு போய்விடுகிறது. அந்தப் பையைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அரிசிக் கடையிலே நூறு ரூபாய்க்கு அரிசி வாங்கப் போகிறோம். "அறுபது ரூபாய்க்குத்தான் ரசீது தருவேன், நாற்பது ரூபாயைத் தனியாக மடித்துக் கொடு" என்று கடைக்காரர் சொன்னால் சும்மா இருப்போமா? அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவோம். ஆனால், வாழ்நாள் முழுவதும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணத்திலே வீடு வாங்கப் போகும்போது, "வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு?" என்று நாமே கேட்கிறோம்! கேட்பதிலே கூச்சமும் இல்லை. முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பதுபோல அதுவும் ஒரு சடங்காகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பதிவுத்துறை ஒரு மதிப்பைக் குறித்து வைத்திருக்கிறது. வழிகாட்டி மதிப்பு என்று அதற்குப் பெயர். 1967-இல் இந்த மாநிலத்திலே முத்திரைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதியிருப்பதாகப் பதிவு அதிகாரி கருதினால், உண்மை மதிப்பை முடிவு செய்யக் கலெக்டருக்கு அனுப்பலாம் என்று அது சொல்லிற்று. அப்படிச் சந்தேகம் கொள்ளுவதற்கு அதிகாரிக்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அந்த அளவுகோல்தான் வழிகாட்டி மதிப்பு. அதுவே இறுதி விலை அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. சட்டம் அதைத் தரையாக வைத்தது. சந்தையோ அதைக் கூரையாக ஆக்கிக்கொண்டது. வழிகாட்டி மதிப்புக்கு ஒரு ரூபாய் குறையாமல் எழுதினால் பதிவு அதிகாரி கேட்கமாட்டார். வருமானவரிக்காரரும் அதே மதிப்பைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆகவே அதற்கு மேலே ஒரு ரூபாயும் எழுதுவதில்லை என்று விற்பவர், வாங்குபவர், தரகர், பத்திரம் எழுதுபவர் நால்வரும் கூடி முடிவு கட்டுகிறார்கள்.

"வரி மிச்சமாகிறதே, ஏழைக்கு நல்லதுதானே?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்காகவே ஒரு கணக்கு கொண்டு வந்திருக்கிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

பழைய தனி வீடு ஒன்று. பேசிய விலை 60 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி மதிப்பு 40 இலட்சம். 2023 ஏப்ரலில் வகுத்த விகிதப்படி முத்திரைத்தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக 9. முழு விலையையும் பத்திரத்தில் எழுதினால் செலவு 5,40,000 ரூபாய். 40 இலட்சம் என்று எழுதினால் 3,60,000. மிச்சம் 1,80,000 ரூபாய். தரகர் இந்த இடத்திலே கணக்கை நிறுத்திவிடுவார். நாம் நிறுத்தலாகாது.

வாங்குபவர் யார்? ஆலையிலே வேலை செய்பவர், ஆசிரியர், அலுவலக எழுத்தர் — வங்கிக் கடனை நம்பி வருபவர். 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பிலே நூற்றுக்கு 80 வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பு. முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பிலே சேர்க்கக்கூடாது. பத்திரத்தில் 60 இலட்சம் இருந்தால் 48 இலட்சம் வரை கடன் கிடைக்கும். கையிலிருந்து 12 இலட்சமும், பதிவுச் செலவு 5,40,000-மும், ஆக 17,40,000 ரூபாய் போட்டால் போதும். பத்திரத்தில் 40 இலட்சம் என்றால் கடன் 32 இலட்சம்தான். அப்போது கையிலிருந்து 8 இலட்சம்; பையிலே போகும் கறுப்பு 20 இலட்சம்; பதிவுச் செலவு 3,60,000; கூட்டிப் பாருங்கள் — 31,60,000 ரூபாய்!

1,80,000 மிச்சம் பிடிக்க, 14,20,000 ரூபாயை அதிகமாகப் புரட்ட வேண்டும். எங்கே புரட்டுவார் அவர்? மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. சீட்டைத் தள்ளி எடுக்கிறார். மீதிக்கு இரண்டு வட்டிக்காரரிடம் போகிறார். முழுத் தொகையும் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியிலே வாங்கினார் என்றால் மாதம் 28,400 ரூபாய் வட்டி. ஏழாவது மாத வட்டியைக் கட்டும்போது, தரகர் மிச்சப்படுத்திக் கொடுத்த 1,80,000 ரூபாயும் கரைந்துவிடும். எட்டாவது மாதத்திலிருந்து? அவருடைய பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்து போகும், தோழர்களே.

கணக்கு அங்கேயும் முடியவில்லை. நாளை அவரே அந்த வீட்டை விற்கப் போகிறார். வாங்க வந்தவர் முழு விலையையும் வங்கி வழியாகத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் கொடுத்தது 60. பத்திரம் சொல்வது 40. விடுபட்ட 20 இலட்சமும் இவருடைய இலாபம் என்றே வருமானவரிச் சட்டம் கொள்ளும். 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த நூற்றுக்கு 12.5 என்ற விகிதத்திலே, பெறாத இலாபத்துக்கு இரண்டரை இலட்சம் வரி. உரிமையில் வில்லங்கம் வந்து கிரயம் செல்லாமற் போனாலோ, அவர் திருப்பிக் கேட்கக்கூடியது பத்திரத்தில் உள்ள 40 மட்டுமே. பையிலே போன 20-க்குச் சாட்சி யார்? எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்துக்கு மாறாக வாய்ச்சொல்லை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை.

விற்பவராவது நன்மை அடைகிறாரா? கறுப்பிலே புரள்கிற பெரும்புள்ளியை விட்டுவிடுங்கள். அவருக்கு நம்முடைய அனுதாபம் தேவையில்லை. கணவர் இறந்தபின், பெரிய வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளை இருக்கும் ஊரிலே சிறிய வீடு வாங்க நினைக்கும் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். "முழு விலையைக் காட்டினால் வரி தின்றுவிடும், அம்மா" என்று தரகர் அச்சுறுத்துகிறார். உண்மை என்ன? நெடுங்கால உடைமையான வீட்டை விற்ற இலாபத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலும், மூன்று ஆண்டுக்குள் கட்டினாலும், அந்த அளவுக்கு வரிவிலக்கு உண்டு. இதை அந்த அம்மையாரிடம் எவரும் சொல்வதில்லை. கையிலே 20 இலட்சம் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வங்கியிலே போட்டால் "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி. வீட்டிலே வைத்தால் உறக்கம் இல்லை. சொத்துப் பேரத்திலே 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டமே இருக்கிறது. மீறி வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் — வாங்கியவருக்கு! ஆகவே அந்தப் பணத்தை அவர் என்ன செய்வார்? தான் வாங்கும் வீட்டுக்குக் கறுப்பாகக் கொடுப்பார். ஒரு வீட்டிலே பிறந்த கறுப்பு, அடுத்த வீட்டிலே குடிபுகுகிறது.

சர்க்கார் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்லமாட்டேன். 1986-இல் மத்திய சர்க்கார் ஒரு வேடிக்கையான, ஆனால் கூர்மையான ஆயுதத்தை எடுத்தது. பெருநகரங்களிலே குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட சொத்தை விற்பவர் முன்கூட்டியே விலையைத் தெரிவிக்க வேண்டும். விலை குறைத்துக் காட்டப்பட்டது என்று தெரிந்தால், அந்தக் குறைந்த விலைக்கே சர்க்கார் வாங்கிக்கொள்ளும்! "40 என்றுதானே எழுதினாய்? இந்தா 40, சாவியைக் கொடு" என்பதுதான் அதன் சாரம். உள்ளபடியே எனக்குப் பிடித்த சட்டம் அது. 1992-இல் உச்சநீதிமன்றம், இரு தரப்புக்கும் தம் நியாயத்தைச் சொல்ல வாய்ப்பு அளித்தே செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது நேர்மையான நிபந்தனையே. ஆயினும் 2002-இல் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. 2016 நவம்பர் 8-ஆம் நாள் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, கறுப்பு ஒழிந்தது என்று முழங்கினார்கள். வரிசையிலே கால்கடுக்க நின்றவர் எவர் என்பது உங்களுக்குத் தெரியும். புது நோட்டு வந்தது. பழைய பை அப்படியே இருந்தது.

நம் மாநிலத்திலே நடந்ததையும் மறைக்காமல் பேச வேண்டும். 2012-இல் உயர்த்திய வழிகாட்டி மதிப்பை, 2017 ஜூனில் நூற்றுக்கு 33 குறைத்தார்கள். கூடவே, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4-ஆக ஏற்றினார்கள். விலை குறைந்தது என்று மகிழ்ந்தவர் பலர். கணக்கைப் பாருங்கள்: முன்பு 100 ரூபாய் மதிப்புக்கு 8 ரூபாய் செலவு. பிறகு 67 ரூபாய் மதிப்புக்கு 11 விழுக்காடு, அதாவது 7 ரூபாய் 37 காசு. மக்களுக்குக் கிடைத்த சலுகை 63 காசு. ஆனால் கறுப்புக்குக் கிடைத்ததோ, பத்திரத்தில் எழுத வேண்டியதிலிருந்து 33 ரூபாய்! காசைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்ட கதை இது. கிளாம்பாக்கத்திலே பேருந்து முனையம் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளிலே வண்டலூர், ஊரப்பாக்கம் மனைகளின் விலை ஏறிக்கொண்டே இருக்க, பதிவேட்டு மதிப்போ 2017-இலே படுத்தது, 2023 வரை எழுந்திருக்கவில்லை.

2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திக் கட்டணத்தை 2-ஆகக் குறைத்தார்கள். திசை சரி. முறை சரியில்லை, விதிப்படி மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து, மக்கள் கருத்தைக் கேட்டுச் செய்யவேண்டியதைச் சுற்றறிக்கையாலே செய்ததால், உயர்நீதிமன்றம் 2024-இல் அதை ரத்து செய்தது. பின்னர் அதே ஆண்டு ஜூலையிலே, உரிய முறைப்படி திருத்திய மதிப்புகள் வந்தன. 2025 ஏப்ரல் முதல், பத்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை என்றும் அறிவித்தார்கள். நல்லதே. ஆனால் சென்னையிலே பத்து இலட்சத்துக்கு வீடு எந்தத் தெருவில் கிடைக்கிறது என்பதையும் அறிவித்திருந்தால் நன்றாயிருக்கும்!

இதிலே ஊருக்கு ஏற்படும் இழப்பும் உண்டு. முத்திரைத்தீர்வை 7 என்றேனே, அதிலே 2 உள்ளாட்சிகளுக்கு உரியது. நம் தெருவிலே மழைநீர் வடிகால் இல்லை என்று மனுக் கொடுக்கப் போகிறோம். அதே தெருவிலே விற்ற வீட்டின் விலையை மறைக்கச் சாட்சிக் கையெழுத்தும் போடுகிறோம்.

இன்னொன்று, கிராமத்துத் தோழர்கள் கூர்ந்து கேட்க வேண்டியது. சாலைக்கோ, தொழிற்பேட்டைக்கோ, விமான நிலையத்துக்கோ நிலத்தை எடுக்கும்போது எதைக் கொண்டு இழப்பீடு கணக்கிடுகிறார்கள்? 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, முத்திரைச் சட்டத்தில் குறித்த மதிப்பு, அக்கம்பக்கத்திலே முந்திய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களின் சராசரி ஆகியவற்றிலே எது அதிகமோ அதை அடிப்படையாகக் கொள்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தில் பாதி விலையை எழுதினார், அதற்கடுத்தவரும் எழுதினார். கடைசியிலே, நிலத்தை விற்கவே விரும்பாத உழவரின் நஞ்சைக்கு அந்தப் பாதி விலையே அளவுகோலாக வந்து நிற்கிறது. "சந்தையிலே இதைப்போல இரு மடங்கு" என்று அவர் கதறலாம். "பத்திரம் காட்டு" என்பார் அதிகாரி. எந்தப் பத்திரத்தைக் காட்டுவார் அவர்?

ஆகவே நாம் கேட்கவேண்டியது இரண்டையும் சேர்த்துத்தான்: வழிகாட்டி மதிப்பை ஆண்டுதோறும், உரிய முறைப்படி, சந்தை விலையை ஒட்டித் திருத்துங்கள், திருத்தும்போதே தீர்வையின் விகிதத்தைக் குறையுங்கள். மதிப்பை மட்டும் ஏற்றினால் சுமை வாங்குபவர் தலையிலே. விகிதத்தை மட்டும் குறைத்தால் கறுப்பு அசையாது. 60 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வாங்கினால் சர்க்காருக்கு அதே 3,60,000 வருகிறது — 40 இலட்சத்துக்கு 9 வாங்கியபோது வந்த அதே தொகை! வாங்குபவர் ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. வங்கிக் கடனும் முழு விலைக்குக் கிடைக்கும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு என்ன சொல்வது? வீட்டுப் பேரத்திலே உங்களைத்தான் முதலில் அழைக்கிறார்கள், தோழர்களே. விலை பேசவும், வழக்குத் தீர்க்கவும், சாட்சிக் கையெழுத்துப் போடவும் கட்சிக்காரரைத் தேடி வருகிறார்கள். அப்படி வருபவருக்குப் பதிவுத்துறையின் இணையதளத்திலே அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை எடுத்துக் காட்டுங்கள். அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மேலே சொன்ன கணக்கை அவருடைய தொகையைப் போட்டு எழுதிக் கொடுங்கள். முழு விலையையும் எழுதச் சம்மதிக்கும் விற்பனையாளர் கிடைப்பாரா என்று அவர் கேட்பார். கிடைப்பார், விரைவிலே விற்க விரும்புகிறவர், வங்கிக் கடனோடு வரும் வாடிக்கையாளரைத் துரத்திவிட முடியாது. ஆனால் கேட்கவேண்டிய நேரம் ஒன்று உண்டு. முன்பணம் கொடுத்தபின் கேட்டால் விற்பவர் கை ஓங்கிவிடும். விலை என்ன என்று கேட்பதற்கு முன்பாகவே, வாசற்படியிலே நின்று கேட்கச் சொல்லுங்கள்: "பத்திரத்தில் எவ்வளவு எழுதுவீர்கள், ஐயா?"