வாக்களிக்க ஆயத்தமாவோம்

(வெள்ளி விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்த காலப் பெருமைகளைப் பேசுவது மரபு. அவற்றைப் பேசத் தக்க பெரியவர்கள் நமக்கு முன்னரே பேசிவிட்டார்கள். ஆகவே நமக்கு ஒதுக்கப்பட்ட சிறிது நேரத்தில் ஒரு நடைமுறைச் செய்தியை எடுத்துக்கொள்ள விழைகிறோம். சட்டமன்றத் தேர்தலாயினும் உள்ளாட்சித் தேர்தலாயினும், வாக்களிக்க நாம் எவ்வாறு ஆயத்தமாவது என்பதே அச்செய்தி. 'இதில் ஆயத்தமாவதற்கு என்ன இருக்கிறது? அன்று காலையில் போய் வரிசையில் நின்றால் ஆயிற்று' என்று எண்ணுவோர் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அவ்வாறு எண்ணியிருந்தவர்களில் எத்தனையோ பேர் கூலி வேலையை விட்டுவிட்டு வாக்குச்சாவடி வரை சென்று, 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை' என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

இந்த உரிமை நமக்கு நெடுங்காலமாக இருந்துவருவது அன்று என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபைக்கு வாக்களிக்க வேண்டுமாயின் சொத்து வேண்டும். அல்லது வரி செலுத்தும் வசதி வேண்டும். நம் சேரிகளில் அவை இரண்டும் உடையவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? 1920-இல் அச்சபைக்குச் சென்ற எம். சி. ராஜா அவர்களும், 1923-இல் சென்ற இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அரசாங்கத்தால் நியமிக்கப் பெற்றவர்களேயன்றி நம் முன்னோரின் வாக்கினால் சென்றவர்கள் அல்லர். 1930-இல் இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டிலே அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் நமக்காக வாதாடினர். 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணச் சட்டசபையில் நமக்கு 30 இடங்களை ஒதுக்கியது. இடம் வந்தது, ஆனால் அந்த இடத்திற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு நம்மில் மிகப் பெரும்பாலோர்க்கு அப்பொழுதும் வரவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 326-ஆம் பிரிவு வந்த பின்னரே, 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில், பண்ணையாரின் வாக்கும் பண்ணையாளின் வாக்கும் ஒரே எடையாயின. அப்பொழுது 21 என்றிருந்த வாக்களிக்கும் வயது 1989-இல் 18 ஆகக் குறைந்தது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். நாம் பட்டியல் இனத்தார் என்று அழைக்கப்படுகிறோம். அந்தப் பட்டியலில் பிறந்தவுடனே நமக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அதிலிருந்து நம்மை நீக்க எவரும் படிவம் எடுத்துக்கொண்டு வருவதில்லை. வாக்காளர் பட்டியலோ அத்தகையது அன்று. அதில் கேட்டால்தான் இடம், கவனியாதிருந்தால் நீக்கம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுதும் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாது போயின. அவற்றுள் இறந்தவர் பெயர்களும் இரட்டைப் பதிவுகளும் உண்டு; அவை நீங்க வேண்டியவையே. ஆனால் அவற்றினும் மிகுதியாக, 66 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள், இடம் பெயர்ந்தோர், முகவரியில் காணப்படாதோர் என்ற கணக்கில் விடுபட்டன.

'முகவரியில் காணப்படாதோர்' யார்? நம் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. செங்கம் பக்கத்திலும் தண்டராம்பட்டுப் பக்கத்திலும் எத்தனை வீடுகள் ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன! பெங்களூரில் கட்டட வேலை, வெளி மாவட்டத்தில் செங்கற்சூளை, கரும்பு வெட்டு என்று குடும்பமே புறப்பட்டுப் போகிறது. பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் மட்டும் ஊரில். அலுவலர் வந்து கதவைத் தட்டும் நாளில் திறப்பதற்கு ஆள் இல்லை. பூட்டிய வீட்டைப் பார்த்து ஒருவர் ஒரு குறி இடுகிறார். ஐந்து வாக்குகள் மறைந்துபோகின்றன.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தை விட்டு ஒருவர் தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதனால் மட்டும் அவ்விடத்துக் குடியிருப்பை இழந்தவர் ஆகார் என்கிறது. வேலைக்காகச் சென்று பொங்கலுக்கும் தீபத்துக்கும் ஊர் திரும்புபவர் திருவண்ணாமலை மாவட்டத்து வாக்காளரே. அதே சட்டம், ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருத்தலாகாது என்றும் கூறுகிறது. குடும்பத்தோடு பெங்களூரிலேயே நிலைத்துவிட்டவர் அங்கே பதிந்துகொள்வதே முறை. உறவு விடக்கூடாதே என்று இரண்டிடத்தும் பெயர் வைத்திருப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். பொய் உறுதிமொழிக்குச் சிறைத் தண்டனை உண்டு.

குடிபோனவர், இறந்தவர் என்று கூறி ஒருவர் பெயரை நீக்குவதற்கு முன் பதிவு அலுவலர் அவருக்குத் தகவல் தந்து, விளக்கம் கூற வாய்ப்பளித்தல் வேண்டும் என்பது 22-ஆம் பிரிவு. அந்த அறிவிப்பு நம் தெருவுக்கு வரும்பொழுது அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பதிவு அலுவலரின் முடிவு நமக்கு ஒவ்வாததாயின் மாவட்ட ஆட்சியரிடமும், அதன் பின் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

படிவங்கள் மூன்று. புதிதாகச் சேர 6. ஒரு பெயரை நீக்கக் கோர 7. வீடு மாறினாலோ பெயரிலும் வயதிலும் பிழையிருந்தாலோ 8. முன்பு ஜனவரி முதல் நாளில் 18 நிரம்பியிருந்தால்தான் அவ்வாண்டுப் பட்டியலில் சேரலாம். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளாயின. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தோடு இதையும் எழுதிவிடட்டும். திருமணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண்கள் பிறந்த ஊர்ப் பட்டியலிலிருந்து விழுந்து, புகுந்த ஊர்ப் பட்டியலில் ஏறாமலே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். மாமியார் வீட்டில் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கக் காட்டும் ஆர்வத்தை இதிலும் காட்டலாகாதா?

வேட்பு மனு அளிக்கும் கடைசி நாளுக்குப் பிறகு அத்தேர்தல் முடியும்வரை பட்டியலில் எவர் பெயரையும் சேர்க்க முடியாது. அதன் பின் அமைச்சரையே அழைத்து வந்தாலும் பயனில்லை. கையில் வாக்காளர் அட்டை இருக்கிறதே என்று இறுமாந்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அட்டை நீங்கள் யார் என்று காட்டுவது. வாக்களிக்கும் உரிமை பட்டியலில் உள்ள பெயருக்கே. பெயர் இருந்து அட்டை தொலைந்தால் ஆதார் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் முதலியவற்றுள் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். அட்டை இருந்து பெயர் தொலைந்தால் ஒன்றும் செய்ய இயலாது.

உங்கள் பெயரில் வேறொருவர் முன்னதாகவே வாக்களித்துவிட்டார் என்று தெரியவந்தால் சண்டையிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் 'ஆய்வுக்குரிய வாக்கு' கேளுங்கள். தனி வாக்குச்சீட்டில் முத்திரையிட்டு உறையில் வைக்கப்படும். நம் இளைஞர்கள் வேட்பாளர்களின் முகவர்களாகச் சாவடிக்குள் அமர்வதும் நலம். நம் தெருப் பெயர்களையும் முகங்களையும் அறிந்த ஒருவர் உள்ளே இருந்தால் கள்ள வாக்குக்கு வந்தவன் சற்றுத் தயங்குவான்.

உள்ளாட்சித் தேர்தல் வேறு வகை. அதை நடத்துவதும் வேறோர் ஆணையம், மாநிலத் தேர்தல் ஆணையம். ஆயினும் அதன் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது என்பதால், அங்கே விடுபட்டவர் இங்கேயும் விடுபட்டவரே. ஊரகப் பகுதியில் ஒருவர் நான்கு வாக்குகள் அளிக்க வேண்டும். 2019 டிசம்பர் 27, 30 நாள்களில் நம் மாவட்டத்தில் நடந்த தேர்தலில் அளித்த சீட்டுகளை நினைவுகூருங்கள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. உதயசூரியனையும் இரட்டை இலையையும் தேடிப் பழகிய கண்கள் அந்தச் சீட்டில் பூட்டையும் சாவியையும் கண்டு திகைத்துப் போகும். இரண்டு சின்னங்களில் முத்திரை விழுந்தாலும், கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ பதிந்தாலும் அந்தச் சீட்டு செல்லாது. சில நூறு வாக்குகளே உள்ள ஒரு வார்டில், ஐந்து சீட்டு செல்லாமற்போனால் முடிவே மாறிவிடும். சம வாக்கு வந்தாலோ குலுக்கல்தான். ஆகவே தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னர், நான்கு நிறத் தாள்களைக் கொண்டு முதியோருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். மை மறுபக்கம் ஒட்டாதபடி மடிப்பது உட்பட.

எவரிடம் எதைக் கேட்பது என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். மனைப் பட்டா, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி, கல்வி உதவித்தொகை ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை. தெரு விளக்கு, குடிநீர், சாக்கடை, சுடுகாட்டுப் பாதை என்பன ஊராட்சியையும் நகரமன்றத்தையும் சார்ந்தவை. நம் நகரம் 2024-இல் மாநகராட்சி ஆயிற்று. பௌர்ணமிதோறும் பல இலட்சம் பேர் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைத் துப்புரவு செய்யும் கைகளில் நம் தெருக்களின் கைகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். அந்தக் கைகளுக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்று மன்றத்தில் கேட்க நம் வார்டு உறுப்பினர் வாய் திறப்பாரா என்பதை வாக்களிக்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டாமா?

தனித் தொகுதி குறித்துச் சில கூறவேண்டும். நம் மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளில் செங்கமும் வந்தவாசியும் தனித் தொகுதிகள். அங்கே நிற்பவர் நம்மவர் என்பது உறுதி; நமக்காக நிற்பவரா என்பது உறுதியன்று. ஊராட்சியில் இவ்வேறுபாடு உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டபொழுது, 1996 முதல் பத்தாண்டுக் காலம் மனுச் செய்யவே விடாமல் தடுத்தார்கள். அல்லது தம் சொல்லுக்கு அடங்கிய ஒருவரை நிறுத்தி, வென்றவுடன் விலகச் செய்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் தேர்தலில் வென்று தலைவரான முருகேசனையும் உடன் ஐவரையும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றனர். மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் அவர்.

அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒதுக்கப்பட்ட நாற்காலியில் யார் அமர்வது என்பதைப் பிறர் தீர்மானிக்க விடக்கூடாது என்பதற்காகவே சொல்கிறோம். கோயில் பொதுப்பணத்துக்கு இவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் தலைவர் பதவியை ஏலம் விடும் செய்திகள் இன்றும் வருகின்றன. 2019-இல் நம்மவர்க்கு ஊராட்சித் தலைவர் பதவிக்கான வைப்புத் தொகை 300 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 100 ரூபாய். பணம் தடையன்று. நம்மவரை வாக்களிக்காதே என்று தடுப்பதும், மனுச் செய்ய விடாது அச்சுறுத்துவதும், வென்ற தலைவரைப் பணி செய்ய விடாது மறிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றங்கள். தனித் தொகுதியில் மட்டுமே நாம் நிற்கலாம் என்ற எண்ணமும் பிழை. பொதுத் தொகுதியிலும் நிற்க நமக்கு முழு உரிமை உண்டு.

இன்னுமொன்று. தமிழில் 'வாக்கு' என்ற சொல்லுக்கு இரு பொருள். பெட்டியில் இடுவதும் வாக்கு. ஒருவருக்குக் கொடுக்கும் உறுதிமொழியும் வாக்கு. இதை நன்கறிந்தவர்கள் வாக்குப் பதிவுக்கு முந்திய இரவில் தெருவுக்கு வருகிறார்கள். பணத்தை நீட்டிக் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்குகிறார்கள். நம் தாய்மார்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். 'கை நீட்டி வாங்கிவிட்டோமே, சாமி மேல் ஆணையாயிற்றே' என்று மனத்துக்கு ஒவ்வாதவருக்கு வாக்களித்துவிட்டு வருகிறார்கள். கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, குற்றத்தால் வாங்கிய சத்தியம் எவரையும் கட்டாது என்று அவர்களிடம் இதமாக எடுத்துச் சொல்லுங்கள். வாங்காதிருப்பதே நேர்வழி. அச்சத்தால் மறுக்க முடியாமற் போனவர்களையும் அந்தக் கற்பூரம் சாவடிக்குள் துரத்திக்கொண்டு வராது. உள்ளே நிற்பவர் ஒருவரே.

இளைஞர்களுக்கு வேறொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு சட்டமன்ற வேட்பாளரும் தம் சொத்து, கல்வி, தம்மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும். அது எவரும் பார்க்கத் தக்க ஆவணம். கைபேசியில் எடுத்துத் தெருமுனையில் நின்று உரக்கப் படியுங்கள். கருத்துரை ஒன்றும் வேண்டாம்.

நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, அவை தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. எந்தத் தேர்தல் எப்பொழுது அறிவிக்கப்பட்டாலும் நாம் பட்டியலோடு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதால், கழகம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கழகக் கட்டடத்தில் நம் பகுதிகளின் வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக உரக்கப் படிக்கப்படும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரும், எல்லாரையும் பெயர் சொல்லி அறிந்த ஒரு பெரியவரும் சேர்ந்து வருக. வெளியூர் வேலைக்குச் சென்றிருப்போரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கொண்டு வருக. 6, 8 ஆகிய படிவங்கள் இங்கேயே கிடைக்கும். நிரப்பித் தர ஆசிரியர்கள் இருவர் இசைந்துள்ளனர். புகைப்படம் இரண்டு எடுத்து வர மறவாதீர்கள்.