காசு கொடுத்து வாங்கும் ஆசிரியப் பட்டம்

(எழுதப் பழகும் இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் பேசியது)



எழுத்தாளர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குள் ஓயாமல் நடந்து வருகிற ஒரு சண்டையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லலாம் என்றிருக்கிறேன். சண்டை என்னவென்றால், தான் எழுதிய புத்தகத்தை வெளியிடுவதற்குத் தானே பணம் கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான். ஒரு கட்சியார், "ஆசிரியரிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடுகிறவன் எல்லாம் திருடன், அவனிடம் போகிறவன் எல்லாம் ஏமாளி" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "பெரிய பதிப்பகத்தார் எங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். நாங்கள் வேறு எங்கே போவது? நீங்கள் பொறாமையால் பேசுகிறீர்கள்" என்கிறார்கள். இவர்கள் ஒருவரையொருவர் வைதுகொள்ளுவதில் செலவிடுகிற நேரத்தில் பாதியைக் கணக்குப் பார்ப்பதில் செலவிட்டிருந்தால் சண்டை எப்போதோ தீர்ந்து போயிருக்கும்.

இந்த வியாபாரம் அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்து, சர்க்கார் விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் வந்து, சங்கதிகள் அம்பலமாகியிருப்பதால் அந்நாட்டு விஷயங்களையே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளுகிறேன். இப்படிப்பட்ட ஸ்தாபனங்களுக்கு அங்கே "வானிட்டி பிரஸ்" என்று பெயர். வானிட்டி என்றால் வீண் பெருமை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஆனால் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பகுத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அச்சாபீஸ்காரர் வேறு, பதிப்பகத்தார் வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சாபீஸ்காரரிடம் நாம் காகிதத்துக்கும், அச்சுக்கும், பைண்டுக்கும் கூலி கொடுக்கிறோம். அவர் நம் எழுத்து நன்றாயிருக்கிறது என்றோ, மட்டமாயிருக்கிறது என்றோ சொல்ல வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பதுபோல் அடித்துக் கொடுத்துவிட்டுப் பில் போடுகிறார். அதில் யோக்கியக் குறைவு ஒன்றும் இல்லை. பதிப்பகத்தாரோ, பத்து எழுத்துக்களைப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி எடுத்து, தன் முதலைப் போட்டு அச்சிட்டு, கடைக்காரர்களிடம் கொண்டுபோய் விற்று, போட்ட முதலை வாசகர்களிடமிருந்து எடுக்கிறவர். புத்தகம் விற்காவிட்டால் நஷ்டம் அவருடையது. அந்த நஷ்ட பயம்தான் அவரைப் பிழை திருத்தச் சொல்லுகிறது, விளம்பரம் செய்யச் சொல்லுகிறது, ஊர் ஊராக அனுப்பச் சொல்லுகிறது.

இந்த இருவருக்கும் இடையில் மூன்றாவது பேர்வழி ஒருவர் இருக்கிறார். அவர் அச்சாபீஸ்காரரைப்போல் ஆசிரியரிடம் காசு வாங்குகிறார். ஆனால் பதிப்பகத்தாரைப்போல் வேஷம் போடுகிறார். "உங்கள் நூலைப் பரிசீலித்தோம், எங்கள் குழுவினர் மிகவும் மெச்சினார்கள், ஏற்றுக்கொண்டோம்" என்று கடிதம் எழுதுகிறார். அதன் பிறகுதான் தொகை எவ்வளவு என்பதைத் தெரிவிக்கிறார். தோழர்களே! இவர் விற்பது புத்தகம் அல்ல. "நீ தேர்ந்தெடுக்கப்பட்டாய்" என்ற ஒரு வார்த்தையைத்தான் விற்கிறார். அந்த வார்த்தை பொய். பணம் கொண்டுவந்த எவரையும் அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்.

எக்ஸ்போசிஷன் பிரஸ் என்று நியூயார்க்கில் ஒரு கம்பெனி இருந்தது. ஆசிரியர்களுக்கு நூற்றுக்கு 40 பங்கு ராயல்டி கொடுப்பதாக அது விளம்பரம் செய்தது. மற்றப் பதிப்பகத்தார் கொடுப்பதைவிட இது பல மடங்கு அதிகம். ஆனால் புத்தகம் போடும் செலவை ஆசிரியரே கொடுக்க வேண்டும் என்பதை அந்த விளம்பரம் சொல்லவில்லை. அந்நாட்டு சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் இது ஜனங்களை ஏமாற்றும் விளம்பரம் என்று சொல்லித் தடுத்தது. கம்பெனி அப்பீல் செய்தது. 1961ல் அப்பீல் கோர்ட்டும் கமிஷன் சொன்னதே சரி என்று தீர்த்தது. யோசித்துப் பாருங்கள். விற்காத புத்தகத்தில் நூற்றுக்கு 40 கொடுத்தால் என்ன, நூற்றுக்கு 100 கொடுத்தால்தான் என்ன?

வான்டேஜ் பிரஸ் என்பது மற்றொரு நியூயார்க் கம்பெனி. 1949ல் ஆரம்பித்தது. புத்தகத்தைப் பிரசித்தப்படுத்துகிறோம் என்று சொல்லி ஆசிரியர்களிடம் முன்பணம் வாங்கி, அவ்விதம் செய்யாமல் ஏமாற்றியதாக வழக்கு வந்தது. 1990ல் 2,200 ஆசிரியர்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. இதோடு கடை மூடப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகும் 20 வருஷத்துக்கு மேல் நடந்து 2012ல்தான் மூடினார்கள். கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகும் ஜனங்கள் ஏன் போனார்கள்? அவர்கள் படிக்காத மூடர்களா? புத்தகம் எழுதுகிறவர்கள் எப்படிப் படிக்காதவர்களாயிருக்க முடியும்? தான் நம்ப விரும்புகிற விஷயத்தை ஒருவன் வந்து சொல்லும்போது, படித்தவனும் ரசீது கேட்க மறந்துவிடுகிறான். அவ்வளவுதான் விஷயம்.

இனி எதிர்க்கட்சியார் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். "வால்ட் விட்மன் தன் கவிதைப் புத்தகத்தைத் தன் செலவில்தானே போட்டார்? தோரோவும் அப்படித்தானே?" என்று கேட்கிறார்கள். வாஸ்தவம்தான். விட்மன் 1855ல் புரூக்ளினில் ஒரு சிறு அச்சாபீஸில் தன் புத்தகத்தை அச்சிட்டார். சில பக்கங்களுக்கு அவரே எழுத்துக் கோர்த்தார். வெளிவந்த பிறகு, பெயர் போடாமல் பத்திரிகைகளில் தன் புத்தகத்தைத் தானே புகழ்ந்தும் எழுதிக்கொண்டார். அது யோக்கியமான காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும், புகழ்வதற்கு இன்னொருவனுக்குக் கூலி கொடுத்துவிட்டு அந்தப் புகழைத் தானே நம்பி ஏமாறவில்லை.

தோரோ 1849ல் தன் முதல் புத்தகத்தைத் தன் பொறுப்பில் 1,000 பிரதி போடச் செய்தார். நான்கு வருஷங் கழித்து 706 பிரதிகள் விற்காமல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. அவர் அதை மறைக்கவில்லை. என் வீட்டுப் புத்தகசாலையில் பெரும்பாகம் நானே எழுதியது என்ற கருத்தில் தன் தினக்குறிப்பில் வேடிக்கையாக எழுதிவைத்தார். இவர்கள் வாங்கியது அச்சு. அச்சுக்குக் கூலி கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார்கள். நஷ்டம் வந்தபோது இது நம் நஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் இவர்களைக் காட்டி மூன்றாவது பேர்வழிக்கு வக்காலத்து வாங்குவது பொருந்தாது.

இரண்டாவது சமாதானம், பெரிய பதிப்பகத்தார் புதியவர்களை மதிப்பதில்லை என்பது. இதிலும் உண்மை இருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. பிரெஞ்சு ஆசிரியர் புரூஸ்ட் தன் பெரிய நாவலின் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு அலைந்தபோது பல பதிப்பகத்தார் வேண்டாம் என்றார்கள். கடைசியில் 1913ல் கிராஸே என்ற பதிப்பகத்தில் தன் செலவில் வெளியிட்டார். முதலில் வேண்டாம் என்றவர்களில் ஒருவரான எழுத்தாளர் ழீத், மறு வருஷமே தவறை ஒப்புக்கொண்டு புரூஸ்டுக்குக் கடிதம் எழுதினார். 1919ல் அந்த நாவலின் இரண்டாம் பாகத்துக்குக் கோன்கூர் பரிசு கிடைத்தது. ஆகவே, கதவு சாத்துகிறவர்கள் கண் தெரிந்துதான் சாத்துகிறார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வரவேண்டும்? ஒரு வைத்தியர் நம்மைப் பார்க்க மறுத்தார் என்பதால், மறுக்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்து விற்கிறவர் நல்ல வைத்தியர் ஆகிவிடுவாரா? பெரிய பதிப்பகத்தார் நம் எழுத்தைப் படித்துவிட்டுத் தவறாகத் தீர்மானிக்கலாம். இவரோ படிப்பதே இல்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை. ருசுவோடு சொல்லுகிறேன்.

பப்ளிஷ் அமெரிக்கா என்று ஒரு கம்பெனி 1999ல் மேரிலாந்து மாகாணத்தில் தோன்றியது. அது முன்பணம் கேட்பதில்லை. ஒரு டாலர் அட்வான்சுகூடக் கொடுத்து, நாங்கள் பழைய முறைப் பதிப்பகத்தார்தான் என்று சொல்லிக்கொண்டது. பிறகு ஆசிரியரே தன் புத்தகத்தை வாங்கி, உற்றார் உறவினருக்கு விற்கும்படி தூண்டும். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் தரமில்லாதவர்கள் என்ற கருத்தில் அக்கம்பெனியார் எழுதியதைக் கண்டு, ஜேம்ஸ் மக்டொனால்டு என்ற எழுத்தாளர் தன் சிநேகிதர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு வேண்டுமென்றே ஒரு மட்டமான நாவலை எழுதச் செய்தார். "அட்லாண்டா நைட்ஸ்" என்று அதற்குப் பெயர். ஆளுக்கொரு அத்தியாயம் எழுதினார்கள். 21ம் அத்தியாயமே கிடையாது. 4ம் அத்தியாயமும் 17ம் அத்தியாயமும் ஒரு எழுத்து மாறாமல் ஒன்றே. 34ம் அத்தியாயம், மற்ற அத்தியாயங்களின் சொற்களைக் கம்ப்யூட்டரில் கொட்டிக் கலக்கி எடுத்தது. செத்துப்போன பாத்திரங்கள் காரணமில்லாமல் பிழைத்து வந்து பேசுகின்றன.

இந்த அபூர்வ நூலை அக்கம்பெனி 2004 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. 2005 ஜனவரி 23ந் தேதி எழுதியவர்கள் விஷயத்தை வெளியிட்டார்கள். மறு நாளே கம்பெனி, மேற்கொண்டு பரிசீலித்ததில் ஏற்க முடியவில்லை என்று பின்வாங்கிக்கொண்டது. முதல் பரிசீலனை எப்படி நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகாவது சண்டை ஓய்ந்ததா? இல்லை. அக்கம்பெனிக்காக மிகவும் கோபத்தோடு வாதாடினவர்களில் பலர், அதனிடம் புத்தகம் கொடுத்திருந்த ஆசிரியர்களேதான். இதுதான் இந்த விஷயத்தில் நாம் கவனிக்க வேண்டிய பெரிய சங்கதி. ஒரு ஆணோ பெண்ணோ பத்து வருஷம் இரவு கண்விழித்து ஒரு புத்தகம் எழுதுகிறார். ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வருகிறது. வீட்டாருக்கும் ஊராருக்கும் சொல்லியாகிவிட்டது. அப்புறம் யாரோ வந்து "அது கம்பெனி அல்ல, மோசடி" என்றால், அவர் அந்த வார்த்தையைக் கம்பெனியைப் பற்றிய வார்த்தையாக எடுத்துக்கொள்ளுவாரா? "உன் எழுத்தை யாரும் படிக்கவே இல்லை" என்று தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுவார். பணம் போன வருத்தத்தைவிட அந்த வருத்தம் பெரிது. ஆகவே ஏமாற்றினவனுக்கு ஏமாந்தவனே சம்பளமில்லாத வக்கீலாகிவிடுகிறான்.

இந்த இடத்தில் புத்திசாலிக் கட்சியார் செய்கிற காரியமும் சரியல்ல. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கச் சிரிக்க அவர் கம்பெனியைத்தான் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுவார். வெட்கம் ஏமாற்றினவனுக்கு உரியதேயொழிய ஏமாந்தவனுக்கு உரியதல்ல. தன் எழுத்தை நாலு பேர் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமாகுமா? அந்த ஆசை இல்லாவிட்டால் புத்தகமே ஏது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பதிப்பகத்தார் எல்லாம் இந்த வியாபாரத்தை அருவருத்து ஒதுங்கி நிற்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். ஆசிரியர்களிடம் பணம் வாங்கிப் புத்தகம் போடும் ஆதர் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியை, 2012ல் பேர்பெற்ற பெங்குவின் பதிப்பகத்தின் சொந்தக்காரர்கள் 11 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2013ல் "பார்ட்ரிட்ஜ்" என்ற பெயரில் இந்தியாவிலும் கடை திறந்தார்கள். பிறகு அந்தக் கம்பெனியை வேறொருவருக்கு விற்றுவிட்டதாக 2016 ஆரம்பத்தில் செய்தி வந்தது. முன்வாசலில் "உனக்கு இடமில்லை" என்று சொல்லுகிறவரே பின்வாசலில் சீட்டு விற்கிறார் என்றால், பெயரைப் பார்த்து நம்புவதில் என்ன பிரயோசனம்?

ஆகவே பெயரையும் பார்க்க வேண்டாம், புகழ்ச்சிக் கடிதத்தையும் பார்க்க வேண்டாம். பணம் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று மாத்திரம் பாருங்கள். முன் சொன்ன மக்டொனால்டு இதையே விதியாகச் சொல்லி வைத்தார். பணம் ஆசிரியனை நோக்கி வரவேண்டும் என்பதே அது. நம் செலவில் நாமே புத்தகம் போட்டால் இந்த விதி கெட்டுவிடாதா என்று கேட்கலாம். கெடாது. அப்போது நாமே பதிப்பகத்தார். முதலும் நம்முடையது, பிரதிகளும் நம்முடையவை, வரவும் நம்முடையது. முதல் நம்முடையதாகவும், உரிமை அவருடையதாகவும், நஷ்டம் நம்முடையதாகவும், "ஏற்றுக்கொண்டோம்" என்ற பெருமை அவருடையதாகவும் இருக்கிற இடத்தில்தான் மோசம் இருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நீங்கள் வெளியிட்ட புத்தகங்கள் எந்தக் கடையில் இருக்கின்றன? ஆசிரியரும் அவர் உறவினரும் வாங்கியது போக வெளியார் எத்தனை பிரதி வாங்கினார்கள்? உரிமை யாரிடம், எத்தனை வருஷத்துக்கு இருக்கும்? என் பணம் இல்லாமல் இதை வெளியிடுவீர்களா? நாணயமான அச்சாபீஸ்காரர், "நான் அச்சடிக்கிறவன், விற்பது உங்கள் வேலை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார். நாணயமான பதிப்பகத்தார் கணக்கைக் காட்டுவார். மூன்றாவது பேர்வழி மாத்திரம் உங்கள் எழுத்தின் மேன்மையைப் பற்றி மறுபடியும் புகழ ஆரம்பிப்பார். அப்போது எழுந்து வந்துவிடுங்கள்.

தோழர்களே! உங்கள் எழுத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியவர்கள் அதைப் படிக்கிறவர்கள். அவர்கள் ஐம்பது பேராக இருந்தாலும், தன் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களாயிருந்தால் அது மதிப்பு. அப்படிப்பட்ட ஐம்பது பேரைத் தேடுங்கள்.